உச்சி வெயிலுக்கு ஒரு ஃபில்டர்: குமரி மாவட்டத்தில் ஹோயா ஆர்72

காலை ஒன்பது மணி தாண்டினால் வெளிச்சம் கடுத்துவிடும் என்று கேமராவைப் பைக்குள் வைத்துவிடுகிறோம். ஹோயா ஆர்72 என்ற அகச்சிவப்பு ஃபில்டருக்கு வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. 720 நேனோமீட்டர் அலைநீளத்துக்குக் கீழே உள்ள ஒளியைப் பெரும்பாலும் தடுத்து, அதற்கு மேலுள்ள, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை விடும் கண்ணாடி இது. கையில் எடுத்தால் கருப்பு வட்டம், விளக்குக்கு நேரே பிடித்தால் அடர்ந்த சிவப்பு. இதன் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது. கண்ணுக்கு இருட்டாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பு தடையின்றி உள்ளே போகும்.

பச்சை இலை இதில் வெள்ளையாக விழும். பச்சையம் அகச்சிவப்பை உறிஞ்சுவதில்லை. இலைக்குள் செல்களுக்கும் காற்றறைகளுக்கும் நடுவே அது சிதறித் திரும்பி வருகிறது. 1910-லேயே இப்படி எடுத்த நிலக்காட்சிகளை வெளியிட்ட ராபர்ட் வுட் என்ற இயற்பியலாளரின் பெயரில்தான் இந்த விளைவு இன்றும் வழங்குகிறது. நீலவானம் இருண்டுபோகும், தண்ணீர் கருக்கும், மேகம் பளிச்சென்று நிற்கும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. டிவி ரிமோட்டைக் கேமராவுக்கு நேரே பிடித்து ஒரு பட்டனை அழுத்தி, லைவ் வியூவில், அதாவது கேமராவின் பின்திரையில் பாருங்கள். ரிமோட் முனை பளிச்சென்று மின்னினால் உங்கள் கேமரா அகச்சிவப்பை ஓரளவு விடுகிறது. மங்கலாகக்கூடத் தெரியவில்லை என்றால் சென்சாருக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்க வைத்துள்ள கண்ணாடி கெட்டியானது. நிமிடக்கணக்கில் ஷட்டரைத் திறந்து வைக்க வேண்டிவரும்.

ஃபில்டரை மாட்டியபின் வியூஃபைண்டரில் ஒன்றும் தெரியாது. அதனால் முதலில் ட்ரைபாடில் வைத்து ஃப்ரேமை முடிவு செய்யுங்கள், ஃபோகஸ் போடுங்கள், மேனுவலுக்கு மாற்றுங்கள், பிறகு ஃபில்டரைத் திருகுங்கள். அகச்சிவப்பு சற்றுத் தள்ளி ஃபோகஸ் ஆகும். பழைய லென்ஸ்களில் இதற்கென்று சிவப்புக் குறி இருக்கும். இல்லாதவற்றில் எஃப் 8 வைத்தால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். ஐ.எஸ்.ஓ. 200, எஃப் 8, 15 விநாடி என்று தொடங்கி, வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். சிவப்புச் சேனல்தான் முதலில் நிரம்பி வழியும், அதை மட்டும் கவனித்தால் போதும். வியூஃபைண்டர் துளையைக் கருப்புத் துணியால் மூடாவிட்டால் பின்னாலிருந்து வெளிச்சம் நுழைந்து படம் வெளிறும்.

குமரியில் பச்சைக்குப் பஞ்சமில்லை. அதுதான் இந்த ஃபில்டருக்குச் சிக்கலும். குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்துக்குள் நின்று எடுத்தால் முழுப்படமும் வெள்ளையாகி, கண்ணுக்குப் பிடிமானம் இருக்காது. இலைக்கு எதிராக ஒரு கருமையைத் தேட வேண்டும். இந்தத் தேடலே புதிய கண்ணைத் தருகிறது. நிறத்தை மறந்து இலை, நீர், கல், வானம் என்று நாலாகப் பிரித்துப் பார்க்கப் பழகிவிடுவீர்கள். பள்ளத்தாக்கைக் கடந்து கால்வாய் நீரைக் கொண்டுபோகும் மாத்தூர் தொட்டிப்பாலத்தின் அடியில் இறங்கி அண்ணாந்து பாருங்கள். 115 அடி உயரத் தூண்கள் சாம்பலாகவும், தென்னை வெள்ளையாகவும், வானமும் பறளியாறும் கருப்பாகவும் பிரியும். மருந்துவாழ் மலையில் பாறையும் புதரும் தனித்தனியே எழுந்து நிற்கும். கன்னிப்பூ பருவ நெல் பச்சை கட்டி நிற்கும் வயலில் வரப்பு இருண்ட கோடாக ஓடும்.

தாமரைக் குளம் தனி அனுபவம். கருப்புத் தண்ணீரில் ஒவ்வொரு இலையும் வெள்ளித் தட்டு மாதிரி கிடக்கும். ஆனால் செந்தாமரையின் இதழும் அகச்சிவப்பை வாரித் திருப்புவதால் பூவும் இலையும் ஏறக்குறைய ஒரே வெள்ளை. பூவைக் காட்ட வேண்டுமானால் அதற்குப் பின்னால் வெறும் தண்ணீர் வரும்படி கோணம் மாற்றுங்கள்.

எல்லோரும் முதலில் ஓடும் கன்னியாகுமரி முக்கடல் சங்கமத்தில் இதற்கு வேலை குறைவு. 133 அடி வள்ளுவர் சிலையும் பாறையும் கடலும் மட்டும் உள்ள ஃப்ரேமில் இலையே இல்லையே! கரைத் தென்னை ஒன்றை முன்னால் கொண்டுவந்தால்தான் ஃபில்டர் மாட்டியதற்குப் பலன் கிடைக்கும்.

காற்றுதான் பெரிய எதிரி. தென்மேற்குப் பருவத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் 15 விநாடி திறந்தால் தென்னை ஓலை பஞ்சுத் திரளாகிவிடும். முப்பந்தலில் காற்றாலையின் இறக்கைகள் கரைந்துபோய்க் கம்பம் மட்டும் மிஞ்சும். அதை வேண்டுமென்றே எடுப்பவர்களுக்கு அழகுதான். இலை அசையாமல் வேண்டுமென்றால் காற்று அடங்கும் நாளுக்குக் காத்திருங்கள், இல்லையேல் சென்சாரின் தடுப்புக் கண்ணாடியை எடுத்து மாற்றிய கேமராவுக்குப் போங்கள். அதில் கையில் பிடித்தே எடுக்கலாம்.

படத்தின் நடுவில் வெளிறிய வட்டம் விழுந்தால் ஃபில்டரைத் திட்டாதீர்கள். லென்ஸின் உட்பூச்சும் பீப்பாயும் அகச்சிவப்பைப் பிரதிபலிப்பதால் வருவது அது. எஃப் 16-க்குப் போகப்போக அதிகமாகும், எஃப் 5.6-க்கு வந்து பாருங்கள், அப்போதும் இருந்தால் லென்ஸை மாற்றுங்கள்.

கட்டாயம் ரா (சென்சார் தரவை அப்படியே வைக்கும்) கோப்பாக எடுங்கள். வெயில் படும் புல்லை வைத்துக் கேமராவிலேயே வொயிட் பேலன்ஸ் (நிறச் சமநிலை) பதியுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ரத்தச் சிவப்பு. லைட்ரூம் மென்பொருளில் நிற வெப்ப அளவு 2000 கெல்வினுக்குக் கீழே இறங்காது என்பதால் தனி கேமரா புரொஃபைல் தேவைப்படும். நிறம் வேண்டுமென்றால், ஃபோட்டோஷாப் போன்ற மென்பொருளில் நிறங்களை இடம் மாற்றும் சேனல் மிக்சரில் சிவப்பு வெளியீட்டில் சிவப்பு 0, நீலம் 100. நீல வெளியீட்டில் சிவப்பு 100, நீலம் 0. பழுப்பு வானம் நீலமாகும். ஜிம்ப்பிலும் இதே கணக்குத்தான். 850 நேனோமீட்டர் ஃபில்டரில் இந்த விளையாட்டு நடக்காது, கருப்பு வெள்ளை மட்டுமே.

கடலோரத்தில் ஃபில்டர் மேல் உப்புப் படலம் சீக்கிரம் படியும். காற்று ஊதும் ரப்பர் குமிழால் ஊதிவிட்டுத்தான் துடைக்க வேண்டும். நேராகத் துணியை வைத்தால் மணல் கீறிவிடும். ஃபில்டரின் திருகு இழையில் மணல் சிக்கி இறுகிப்போனால் விளிம்பைச் சுற்றி அகலமான ரப்பர் பேண்ட் போட்டு, அழுத்தாமல் திருப்புங்கள், வந்துவிடும். உங்களிடம் உள்ள லென்ஸ்களில் பெரிய விட்டத்துக்கு ஒன்றே வாங்குங்கள். 77 மி.மீ. ஃபில்டர் ஒன்றும் சிறிய லென்ஸில் பெரிய ஃபில்டரைப் பொருத்த உதவும் ஸ்டெப்-அப் வளையங்களும் இருந்தால் 52, 58, 67 மி.மீ. லென்ஸ்கள் மூன்றிலும் மாட்டலாம்.