கத்திரி வெயிலில் கிராபிக்ஸ் கார்டு: மூன்று வகை லேப்டாப்பில் எது நமக்கு?

சென்னை அசோக் நகரில் எங்கள் கட்டட வடிவமைப்பு அலுவலகம். ஆறு பேர் வேலை செய்கிறோம். அதில் நான்கு பேர் வாரத்தில் பாதி நாள் சைட்டில்தான் இருப்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்பு ஆறு பேருக்கும் ஒரே மாதிரி லேப்டாப் வாங்கினேன். 14 அங்குலம், மெல்லிய உடம்பு, உள்ளே சின்னதாக ஒரு கிராபிக்ஸ் கார்டு, அதாவது திரையில் படம் வரைவதற்கென்றே ஒரு தனி சிப். "கார்டு இருக்கட்டும் மேடம், பின்னாடி உதவும்" என்று கடையில் சொன்னார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

அடுத்த மே மாதம் ஒரகடம் சைட்டில், தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து கிளையன்டுக்குக் கட்டடத்தின் முப்பரிமாண மாடலைத் திரையில் சுற்றிக் காட்ட வேண்டியிருந்தது. ஃபேன் முழு வேகத்தில் இரைந்தது, படம் திக்கித் திக்கி நகர்ந்தது, காலையில் முழுதாக ஏற்றிய சார்ஜ் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே தீர்ந்துபோனது. "மேடம், அடியில கை வைக்க முடியல" என்று எங்கள் இன்ஜினியர் போனில் சொன்னபோது மெஷின் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். சர்வீஸில் பார்த்தார்கள். ஒரு குறையும் இல்லை. அந்த வெயிலில், அந்த உடம்புக்குள், அந்த கார்டு அப்படித்தான் ஓடும்.

இந்த வருடம் மறுபடியும் வாங்கும் நேரம் வந்தது. இந்த முறை உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எதிரெதிரே வைக்க வேண்டியவை மூன்று வகை. முதலாவது, தனி கார்டு இல்லாதது. பிராசசருக்குள்ளேயே கிராபிக்ஸ் இருக்கும். தின்க்பேட் டி14, டெல் லாட்டிட்யூட் (இப்போது டெல் புரோ), எச்பி எலைட்புக் எல்லாம் பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன. இரண்டாவது, அதே அளவு உடம்பில் சின்ன கார்டு சேர்த்தது. என்விடியா ஆர்டிஎக்ஸ் ஏ500, ஆர்டிஎக்ஸ் 500 அடா போன்ற 4 ஜிபி கார்டுகள் வைத்த இசட்புக் ஃபயர்ஃபிளை, தின்க்பேட் பி14எஸ் இந்த ரகம். மூன்றாவது, 16 அங்குலப் பெரிய ஒர்க்ஸ்டேஷன். நல்ல கார்டு, தடித்த உடம்பு, இரண்டு ஃபேன், செங்கல் போல ஒரு சார்ஜர்.

முதலில் சூட்டைப் பார்த்துவிடலாம். நம் ஊரில் மற்ற எல்லாமே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது.

சிப்பிலிருந்து சூடு வெளியேறும் வேகம், சிப்புக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் எத்தனை டிகிரி வித்தியாசம் என்பதைப் பொறுத்தது. சிப் 95 டிகிரியில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஏசி அறையில் காற்று 24 டிகிரி என்றால் வித்தியாசம் 71. மே மாதத் தகரக் கொட்டகையில் காற்று 38 டிகிரி என்றால் வித்தியாசம் 57. அதே ஃபேன், அதே செப்புக் குழாய், ஆனால் ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் சூட்டை வெளியேற்றும். ஏசியில் 40 வாட் தாங்கும் லேப்டாப் கொட்டகையில் 32 வாட்டோடு நின்றுவிடும். மிச்ச 8 வாட்டை மெஷின் தானாகவே குறைத்துக்கொள்ளும். நமக்கு அது "ஸ்லோ ஆயிடுச்சு" என்று தெரியும்.

கையில் படும் மேல்பாகத்துக்கு இந்தக் கணக்கு இன்னும் மோசம். மேல்பாகம் 45 டிகிரியைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வைத்துக்கொண்டால், ஏசி அறையில் நமக்கு 21 டிகிரி இடைவெளி இருக்கிறது. கொட்டகையில் 7 டிகிரிதான், மூன்றில் ஒரு பங்கு. பல மெஷின்கள் உள்ளே சிப் தாங்கினாலும் மேல்பாகம் சுடாமலிருக்க முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துவிடும். மெல்லிய உடம்பில் இது சீக்கிரமே நடக்கிறது.

விவரத்தாளைப் பொறுமையாகப் படித்தால் ஒரு வரி கண்ணில் படும். பெரும்பாலான பிசினஸ் லேப்டாப்களுக்கு, இயங்கும் சூழலின் வெப்பநிலை 35 டிகிரி வரை என்றுதான் போட்டிருப்பார்கள். நுங்கம்பாக்கம் வானிலை நிலையத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. அந்த அளவு வேண்டாம், சாதாரணக் கத்திரி வெயில் நாளே 35-ஐத் தாண்டிவிடும்.

இந்தக் கணக்கில் முதல் வகை தப்பித்துவிடுகிறது. பிராசசரும் கிராபிக்ஸும் சேர்ந்து தொடர்ச்சியாக 15 முதல் 28 வாட் வரை எடுப்பதற்காகச் செய்யப்பட்ட சிப் அது. கொட்டகையில் கொஞ்சம் குறைந்தாலும் வேலை ஓடும். இரண்டாம் வகையில் அதே உடம்புக்குள் பிராசசரின் சூடும் கார்டின் சூடும் ஒரே குழாய்க்குப் போட்டி போடுகின்றன. ஒன்று ஏறினால் மற்றது இறங்க வேண்டும். மூன்றாம் வகைக்கு உடம்பு பெரிது, காற்றுக்கு வழி பெரிது, அதனால் சூட்டைச் சமாளித்துவிடுகிறது. ஆனால் சைட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவரின் தோளைக் கேட்க வேண்டும்.

கார்டின் பெயரை மட்டும் பார்த்து வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். ஆர்டிஎக்ஸ் 2000 அடா என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலிருந்து 140 வாட் வரை லேப்டாப் தயாரிப்பாளர் விருப்பப்படி வைத்துக்கொள்ளலாம். 35 வாட்டில் ஓடுவதும் 100 வாட்டுக்கு மேல் ஓடுவதும் ஒரே வேகம் கொடுக்காது. கடையில் "எத்தனை ஜிபி கார்டு" என்று எல்லோரும் கேட்கிறார்கள். "எத்தனை வாட்" என்று கேளுங்கள், பதில் தெரியாவிட்டால் விவரத்தாளை எடுக்கச் சொல்லுங்கள்.

பேட்டரிக்கு வருவோம். 57 வாட்-ஹவர் பேட்டரி என்று எடுத்துக்கொள்வோம். டிராயிங் பார்ப்பது, மெயில், எக்செல் என்று ஓடும்போது முழு மெஷினும் சராசரியாக 7 வாட் எடுத்தால் 8 மணி நேரம் வரும். தனி கார்டு சும்மா விழித்திருந்து 6 வாட் எடுத்தாலே மொத்தம் 13 வாட் ஆகிவிடும். அப்போது நாலரை மணி நேரம்கூட வராது. கார்டு ஒரு வேலையும் செய்யவில்லை, ஆனால் அரை நாள் சார்ஜ் போய்விட்டது.

வேலை இல்லாதபோது கார்டைத் தூங்க வைக்கும் ஏற்பாடு 2010-லிருந்தே இருக்கிறது. என்விடியா அதை ஆப்டிமஸ் என்று சொல்கிறது. பெரும்பாலும் ஒழுங்காகவே நடக்கும். ஆனால் தூக்கத்தைக் கலைப்பவை நிறைய. பின்னணியில் ஏதோ ஒரு மென்பொருள் கார்டைப் பிடித்துக்கொண்டு விடாது. சில மெஷின்களில் எச்டிஎம்ஐ துளை நேராகத் தனி கார்டோடு இணைக்கப்பட்டிருக்கும், மானிட்டரையோ புரொஜெக்டரையோ செருகிய உடனே கார்டு எழுந்துவிடும், கழற்றும் வரை தூங்காது. கிளையன்ட் ஆபீஸில் புரொஜெக்டரில் காட்டும்போதெல்லாம் எங்கள் மெஷின் ஏன் கொதித்தது என்பது எனக்கு இரண்டாவது வருடம்தான் புரிந்தது.

இன்னொன்று, பிளக்கை உருவிவிட்டால் கார்டின் முழு வேகமும் கிடைக்காது. 100 வாட் கேட்கும் கார்டுக்குச் சின்ன பேட்டரியால் ஈடுகொடுக்க முடியாது, அதனால் மெஷினே குறைத்துவிடும். பெரிய பேட்டரி போட்டால் என்ன என்றால், விமானத்தில் தடையில்லாமல் கைப்பையில் எடுத்துப்போகும் வரம்பு 100 வாட்-ஹவர். லேப்டாப் பேட்டரிகள் 99-ஐ ஒட்டி நின்றுவிடுவதற்குக் காரணம் அதுதான். ஆக, சுவரில் பிளக் இருக்கும் இடத்தில்தான் பெரிய கார்டு பெரிய கார்டாக இருக்கிறது. அப்படியென்றால் அந்த கார்டை லேப்டாப்புக்குள் ஏன் சுமக்க வேண்டும் என்ற கேள்வி எனக்கு வந்தது.

அதற்கு முன்னால், நம் வேலைக்கு உண்மையில் கார்டு வேண்டுமா என்று பார்க்க வேண்டும். ஆட்டோகேடில் இரு பரிமாண டிராயிங், ரெவிட்டில் மாடல் போடுவது, ஈடாப்ஸ், ஸ்டாட் புரோவில் அனாலிசிஸ் எல்லாம் பெரும்பாலும் பிராசசரின் வேகத்தில் ஓடுபவை. கார்டு மாற்றியதால் அனாலிசிஸ் சீக்கிரம் முடியாது. வீட்டுக்குள் நடந்து காட்டும் நிகழ்நேர ரெண்டரிங் (மாடலை நிஜம் போன்ற படமாக மாற்றுவது), நிழல், கண்ணாடிப் பிரதிபலிப்பு என்று வரும்போது கார்டு இல்லாமல் முடியாது. அதற்கும் 4 ஜிபி சீக்கிரமே நிரம்பிவிடும். சின்ன கார்டு இங்கேதான் கைவிடுகிறது: தேவையில்லாத வேலைக்கு அது கூடுதல், தேவையான வேலைக்குப் போதாது. இரண்டாம் வகை மேல் எனக்கு இருக்கும் முதல் குறை இதுதான். கணக்காளர், வழக்கறிஞர், விற்பனைப் பிரிவு என்றால் யோசிக்கவே வேண்டாம், முதல் வகை போதும்.

சாலிகிராமத்தில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் என் சித்தி மகனுக்குக் கணக்கு வேறு. அவன் கேமரா 10-பிட் 4:2:2 எச்இவிசி என்ற, நிற விவரம் அதிகமுள்ள சுருக்கிய வீடியோ கோப்பாகப் பதிவு செய்கிறது. அதை நேரடியாகப் பிரித்துக் காட்டும் வசதி இன்டெல்லின் உள் கிராபிக்ஸில் 11-ஆம் தலைமுறையிலேயே இருந்தது. என்விடியாவில் 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்குத்தான் வந்தது. விலை அதிகமான பழைய கார்டு இருந்தும் டைம்லைன் திக்குகிறது என்று அவன் புலம்பியதற்குக் காரணம் அதுதான். கார்டு பெரிதா சிறிதா என்பதைவிட, நம் கோப்பை அது படிக்குமா என்பது முக்கியம்.

உள் கிராபிக்ஸும் முன்பு மாதிரி இல்லை. ஏஎம்டியின் ரேடியான் 780எம், இன்டெல் கோர் அல்ட்ராவின் ஆர்க் இரண்டிலும் எங்கள் அடுக்குமாடி மாடலைச் சுற்றிப் பார்க்க முடிகிறது. ஒரே நிபந்தனை, ரேம் இரட்டையாக, அதாவது ஒன்றுக்குப் பதில் இரண்டு பாதையில் ஓடுவதாக இருக்க வேண்டும். உள் கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது, பொது ரேமைத்தான் பகிர்ந்துகொள்கிறது. ஒற்றை ரேம் போட்டு விற்கும் மெஷினில் பாதை பாதியாகிவிடும். இன்டெல் ஐரிஸ் எக்ஸ்இ உள்ள மெஷினில் ஒற்றை ரேம் இருந்தால் டிவைஸ் மேனேஜரில் "யுஎச்டி கிராபிக்ஸ்" என்றுதான் காட்டும். ஏற்கெனவே வாங்கியிருப்பவர்கள் ஒருமுறை திறந்து பாருங்கள். கம்ப்யூட்டர் உதிரிபாகம் விற்கும் ரிச்சி தெருவில் இன்னொரு ரேம் வாங்கிப் போட்டாலே, ஸ்லாட் காலியாக இருந்தால், புது மெஷின் வாங்கிய மாதிரி இருக்கும். பேட்டரிக்காக 2024-இல் வந்த கோர் அல்ட்ரா 200வி வரிசை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அதில் ரேம் சிப்போடு ஒட்டியே வருகிறது. 16 அல்லது 32 ஜிபி, பின்னால் ஏற்ற முடியாது.

மேக்புக்கைப் பற்றியும் கேட்பார்கள். பிளக் இல்லாமலும் அதே வேகம், சூடும் குறைவு, உண்மை. ரெவிட்டும் ஈடாப்ஸும் அதில் இல்லை என்பதால் எங்களுக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

சரி, சுமக்கும் கேள்விக்கு வருகிறேன். கார்டை அலுவலகத்தில் ஒரு டெஸ்க்டாப்புக்குள் வைத்துவிட்டு, எல்லோருக்கும் மெல்லிய லேப்டாப் கொடுத்தோம். ரெண்டரிங் வேண்டுமென்றால் சைட்டிலிருந்தே இணையம் வழியாக அந்த டெஸ்க்டாப்புக்குள் நுழைந்து ஓட விடுகிறார்கள். பெட்டியில் காற்றோட்டம் தாராளமாக இருக்கிறது, அறையில் ஏசி இருக்கிறது, கார்டு தன் முழு வாட்டில் ஓடுகிறது. ஒரகடத்தில் போன் ஹாட்ஸ்பாட்டில் மாடலைச் சுற்றினால் சற்றுத் தாமதம் தெரியும். அதனால் கிளையன்டுக்குக் காட்ட வேண்டிய வாக்-த்ரூவை முதல் நாளே வீடியோவாக எடுத்துவைத்துக்கொள்கிறோம்.

டெஸ்க்டாப்பின் பெரிய பலவீனம் கரன்ட். 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் வெள்ளம் வந்தபோது எங்கள் தெருவில் இரண்டு நாள் கரன்ட் இல்லை. வீட்டு இன்வெர்ட்டர்தான் காப்பாற்றியது. 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் காகிதக் கணக்குப்படி 1,800 வாட்-ஹவர் இருக்கும், கைக்கு வருவது அதைவிடக் குறைவு. மெல்லிய லேப்டாப்பின் 65 வாட் சார்ஜரை முழு அளவில் ஓட்டினால் 27 மணி நேரம், பெரிய ஒர்க்ஸ்டேஷனின் 230 வாட் சார்ஜர் என்றால் 8 மணி நேரம்கூட இல்லை. மெல்லிய லேப்டாப்பைப் பவர் பேங்கிலும் சார்ஜ் செய்யலாம். கோடையில் கரன்ட் போனால் ஏசியும் சேர்ந்து நின்றுவிடும். அறை சூடாகி, பேட்டரி மட்டுமே துணை என்ற அந்த வேளையில் பெரிய கார்டு நமக்கு எதிராகவே வேலை செய்கிறது.

எந்த வகை வாங்கினாலும், சார்ஜ் 80 சதவீதத்தோடு நிற்கும்படி மென்பொருளில் வைத்துவிடுங்கள். சூடும் முழுச் சார்ஜும் சேர்ந்தால் லித்தியம் பேட்டரி வேகமாக மூப்படையும், சென்னையில் சூடு எப்போதும் இருக்கிறது. சைட்டுக்குப் போகும் மெஷினை ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து சிமென்ட் தூசி எடுக்க வேண்டும். பழைய கார்டு மெஷினையே வைத்திருப்பவர்கள், விண்டோஸ் பவர் அமைப்பில் பிராசசரின் உச்ச அளவை 99 சதவீதம் என்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலான இன்டெல் மெஷின்களில் டர்போ (பிராசசர் தானாக எடுக்கும் கூடுதல் வேகம்) நின்று சூடு சட்டென்று இறங்கும். கொட்டகையில் அது பெரிய நிம்மதி.

கடைசியில் நான் ஆர்டர் போட்டது: சைட்டுக்குப் போகும் நான்கு பேருக்கும் எனக்கும் 32 ஜிபி ரேமோடு தனி கார்டு இல்லாத 14 அங்குலம், அலுவலகத்தில் யுபிஎஸ்ஸோடு ஒரு டெஸ்க்டாப், நாள் முழுக்க ரெண்டரிங் செய்யும் தம்பிக்கு மட்டும் 16 அங்குல ஒர்க்ஸ்டேஷன். அவன் ஊருக்குப் போனாலும் வேலை பார்ப்பான், மேசையும் பிளக்கும் அங்கேயும் இருக்கிறது. ஒரகடத்துக்குப் போகும் இன்ஜினியர் போன வாரம் மாலை ஐந்து மணிக்குக் கூப்பிட்டு, சார்ஜர் பையிலேயே இருக்கிறது என்று சொன்னார்.