புரதத் தூய்மிப்பில் முதல் படி எது: அஃபினிட்டியா, அயனிப் பரிமாற்றமா?

செல்களை உடைத்துப் பெற்ற சாற்றிலிருந்து வேண்டிய ஒரு புரதத்தை மட்டும் பிரித்தெடுக்க ரெசின் எனும் நுண்மணிகள் நிரப்பிய குழாய் வழியே கரைசலைச் செலுத்திப் பிரிக்கும் மூன்று குரோமடோகிராபி முறைகளே பெரிதும் கைகொடுக்கின்றன. அவற்றுள் முதல் படிக்கான போட்டி, குறிப்பிட்ட பிணைப்பால் புரதத்தைப் பிடிக்கும் அஃபினிட்டிக்கும் மின்சுமையால் பிடிக்கும் அயனிப் பரிமாற்றத்துக்கும் இடையேதான். மூலக்கூறின் பருமனைக் கொண்டு பிரிக்கும் அளவுவழிப் பிரிப்புக்கு அங்கே வேலையில்லை.

அஃபினிட்டி முறையில், புரதத்தின் முனையில் ஆறு ஹிஸ்டிடின் அமினோ அமிலங்களை ஒரு வாலாக மரபணு நிலையிலேயே இணைத்துவிட்டால், நிக்கல் ஏற்றிய ரெசின் அந்த வாலைப் பற்றிக்கொள்ளும். நிக்கலைப் பற்ற வாலோடு போட்டியிடும் இமிடசோலை 20 மில்லிமோலார் செறிவில் விட்டுக் கழுவி, 250 மில்லிமோலாரில் வெளியேற்றினால், பல நேரங்களில் ஒரே படியில் பெருமளவு தூய்மை கிடைத்துவிடுகிறது. மற்ற இரு முறைகளும் இந்த வேகத்துக்கு ஈடில்லை. ஆனால், இயற்கைத் திசுவிலிருந்து எடுக்கும் புரதத்துக்கு இந்த வால் இராது. இ.கோலை பாக்டீரியாவின் ஸ்லைடி (SlyD) போன்ற ஹிஸ்டிடின் மிகுந்த புரதங்களும் ரெசினில் ஒட்டிக்கொண்டு உடன் வருவதுண்டு. புரதச் சிதைவைத் தடுக்கும் பழக்கத்தில் பஃபரில் (பிஎச்சை நிலையாக வைக்கும் கரைசலில்) உலோக அயனிகளைப் பற்றும் இடிடிஏவைச் சேர்த்தால், அது நிக்கலையே உருவிக்கொண்டு போக, நீல நிற ரெசின் வெளுத்துவிடும்.

அயனிப் பரிமாற்றத்துக்கு வாலே தேவையில்லை. புரதத்தின் நிகர மின்சுமை சுழியாகும் பிஎச்சான சம மின்புள்ளியைவிட ஏறத்தாழ ஓர் அலகு உயர்ந்த பிஎச்சில் அது எதிர்மின் சுமை பெற்று, நேர்மின் ரெசினில் ஒட்டும். சோடியம் குளோரைடின் செறிவைப் படிப்படியாக உயர்த்த, பிணைப்பின் வலிமைக்கேற்ப ஒவ்வொரு புரதமாக விடுபடும். உகந்த பிஎச்சையும் உப்புச் செறிவையும் தேடிக் கண்டறியப் பொறுமை வேண்டும் என்பதாலேயே பலர் இதைத் தவிர்க்கிறார்கள். என் பார்வையில் அது நியாயமான காரணமன்று. வால் ஒட்டியிருக்கும் உடைந்த துண்டையும் முழுப் புரதத்தையும் நிக்கல் ஒன்றாகவே பிடிக்கும். அவற்றின் மின்சுமை வேறுபட்டால், அயனிப் பரிமாற்றம் பிரித்துக் காட்டிவிடும். மரபணு கையில் இருந்தால் நிக்கலை முதலிலும் இதை அடுத்தும் வைப்பதே சிறந்தது. நிக்கல் படியிலிருந்து வரும் கரைசலில் உப்பு மிகுதியாக இருக்கும் என்பதால், இடையில் டயாலிசிஸ் (சவ்வுவழியே உப்பை வெளியேற்றுதல்) செய்தோ நீர்க்கச் செய்தோ அதைக் குறைத்தாக வேண்டும்.

அளவுவழிப் பிரிப்பில் எதுவும் ஒட்டுவதில்லை. பெரிய மூலக்கூறுகள் ரெசின் துளைகளுக்குள் நுழையாமல் முதலில் வந்துவிடும். 120 மில்லிலிட்டர் ரெசினில் சில மில்லிலிட்டர் மாதிரியைத்தான் ஏற்றலாம், அதுவும் நீர்த்தே வெளிவரும். ஆகவே செறிவூட்டிய மாதிரியோடு, புரதத் திரட்டுகளை நீக்கவும் பஃபரை மாற்றவும், கடைசிப் படியாகவே இதைப் பயன்படுத்த வேண்டும்.