தமிழில் வரைபு செய்ய எக்செல், டேட்டாராப்பர், ஃப்ளரிஷ்: நீண்ட பாவனைக்குப் பிறகு

எக்செல்லும், இணையத்திலேயே வரைபு செய்யும் டேட்டாராப்பர், ஃப்ளரிஷ் இரண்டும் நல்ல கருவிகள்தான். ஆனால் கொழும்பில் இருந்து தமிழ் வாசகருக்குப் புள்ளிவிபரம் சொல்பவர் பார்க்க வேண்டியவை விளம்பரத்தில் வரும் வசதிகள் அல்ல. எழுத்து உடையாமல் வருகிறதா? தலைப்பாக ஒரு முழு வசனம் எழுத இடம் இருக்கிறதா? வாட்ஸ்அப்பில் போன பிறகும் வாசிக்க முடிகிறதா? நாளாக நாளாக இந்த மூன்று கேள்விகளும்தான் மிஞ்சுகின்றன.

முதலில் தலைப்பு, ஏனென்றால் எந்தக் கருவியும் அதை எழுதித் தராது. கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி ஆண்டுப் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 வீதம், 2023 செப்டெம்பரில் 1.3 வீதம். இதைக் கோடாக வரைந்து மேலே "பணவீக்கம் 2021–2023" என்று மட்டும் போட்டால், மலையுச்சியில் இருந்து பள்ளத்துக்கு விழும் கோடு கிடைக்கும். வெள்ளவத்தை மாக்கெட்டில் பை தூக்குகிற எவரும் "சாமான் விலை எங்கே இறங்கியது?" என்று கேட்பார். நியாயமான கேள்வி. விழுந்தது விலை ஏறும் வேகம், விலை அல்ல. 2021 செப்டெம்பரில் 1,000 ரூபாவுக்கு வாங்கிய சாமான் ஒரு வருடத்தில் ஏறத்தாழ 1,700 ஆகி, அடுத்த வருடம் 1,720 அளவில் நின்றது. ஆகவே சொல்ல வந்த வசனத்தை முதலில் எழுத வேண்டும்: "விலை ஏறுவது அடங்கியது, இறங்கவில்லை." அதை எழுதிய கையோடு, வரைய வேண்டியது வீதத்தை அல்ல, சுட்டெண்ணை என்பது தெரிந்துவிடும்.

இங்கே ஒரு பொறியும் உண்டு. 2023 தொடக்கத்தில் இந்தச் சுட்டெண்ணின் அடிப்படை ஆண்டு (சராசரி விலையை 100 என்று கொள்ளும் ஆண்டு) 2013 இலிருந்து 2021 க்கு மாறியது. பழைய எண்களையும் புதிய எண்களையும் ஒரே நிரலில் ஒட்டினால், இல்லாத வீழ்ச்சி ஒன்று கோட்டின் நடுவில் முளைக்கும். பழைய தொடரின் 2021 ஆண்டுச் சராசரியைக் கண்டு, பழைய எண் ஒவ்வொன்றையும் அதால் வகுத்து 100 ஆல் பெருக்கினால் இரண்டும் பொருந்தும். இப்படி இணைத்ததை வரைபின் அடியில் ஒரு வரியில் சொல்லிவிட வேண்டும்.

எக்செல்லுக்கு வருவோம். தமிழ் எழுத்தை விண்டோஸில் ஒழுங்காகக் காட்டும். எழுத்துருவை நிர்மலா என்று நாமே குறித்துவிட்டால் இன்னும் நல்லது. தொல்லை வரைபின் அச்சில், அதாவது எண்கள் நிற்கும் ஓரக்கோட்டில்தான். மிகப் பெரிய எண்ணுக்கும் மிகச் சிறிய எண்ணுக்கும் உள்ள வித்தியாசம் பெரிய எண்ணின் ஆறில் ஒரு பங்குக்குக் குறைந்தால், எக்செல் தானாகவே அச்சைப் பூச்சியத்தில் இருந்து தொடங்காது. 2012 தொகைமதிப்பில் கொழும்பு மாவட்டம் 2,324,349, கம்பஹா 2,304,833. வித்தியாசம் ஒரு வீதம்கூட இல்லை. ஆனாலும் எக்செல் தரும் சலாகை வரைபில் கம்பஹா பாதி உயரத்துக்கும் கீழே நிற்கும். அச்சின் மேல் வலது கிளிக் செய்து, மிகக் குறைந்த பெறுமானத்தில் 0 என்று நாமே அடிக்க வேண்டும். சலாகைக்கு இது கட்டாயம். கோட்டுக்குக் கட்டாயமில்லை, அங்கே கண் உயரத்தை அல்ல, சரிவைத்தான் வாசிக்கிறது.

மட்டக்களப்பு, திருகோணமலை, முல்லைத்தீவு என்று பெயர்கள் நீளம் என்பதால் நிற்கும் சலாகை தமிழுக்கு உதவாது. பெயர்கள் சாய்ந்து, வாசகர் கழுத்தையும் சாய்ப்பார். படுக்கைச் சலாகையே பாவியுங்கள். அகரவரிசையில் அல்ல, பெரியதில் இருந்து சிறியதுக்கு.

டேட்டாராப்பர் இந்த வேலைக்கு மிக வசதி. தலைப்புக்கும் விளக்கத்துக்கும் மூலத்துக்கும் தனித்தனி இடம் வைத்திருப்பதால் எழுதாமல் தப்ப முடியாது. நிறக்குருடு உள்ளவருக்கு எப்படித் தெரியும் என்ற சோதனையும் உள்ளே இருக்கிறது. இலவசக் கணக்கில் பிஎன்ஜி படம் கிடைக்கும். அச்சிடத் தேவையான பிடிஎஃப்புக்கும், பெரிதாக்கினாலும் உடையாத எஸ்விஜி படத்துக்கும் காசு. தேசப்படம் செய்யும்போது மட்டும் கவனம். அநுராதபுர மாவட்டம் 7,179 சதுர கிலோமீற்றர், கொழும்பு 699. பரப்பில் பத்து மடங்கு, ஆனால் 2012 இல் அநுராதபுரத்தில் இருந்தவர்கள் சுமார் 8.6 இலட்சம்தான். மொத்த எண்ணிக்கைக்கு நிறம் தீட்டினால், கடும் நிறம் விழுந்த கொழும்பு ஒரு பொட்டாக ஒடுங்க, வெளிறிய அநுராதபுரம் படத்தை நிறைக்கும். நிறம் ஆயிரத்துக்கு எத்தனை என்ற வீதத்துக்கு, எண்ணிக்கைக்கு வட்டங்கள். மாவட்டங்களை ஆங்கிலப் பெயரால் பொருத்தினால் மொனராகலையில் இடறும், அதற்கு இரண்டு எழுத்துக்கூட்டல் உண்டு. குறியீட்டு எண்ணால் பொருத்துவது நிம்மதி.

ஃப்ளரிஷ் அசைவுக்கு நல்லது. ஓடும் சலாகைகள் கண்ணுக்கு விருந்து, பார்த்து முடித்தவருக்கு ஒரு எண்கூட ஞாபகம் இராது. இலவசக் கணக்கில் வெளியிடும் தரவு எவரும் பார்க்கக் கிடப்பதால், அலுவலக உள் தரவை அதில் ஏற்றவே கூடாது.

எழுத்துச் சோதனைக்கு "கொழும்பு" என்ற ஒரு சொல் போதும். பைத்தன் நிரல்மொழியில் வரைபு செய்யும் மேட்பிளாட்லிப்பின் பழைய பதிப்புகளில் கொம்பு ககரத்துக்கு முன்னால் ஏறாது. ழுவும் புவும் உடையும். எஸ்விஜியாகச் சேமிக்கும்போது எழுத்தைக் கோடாக்காமல் எழுத்தாகவே விடச் சொன்னால் உலாவி சரியாகக் கோத்துக் காட்டும். வரைகலை மென்பொருளான இலஸ்ட்ரேட்டரிலும் தெற்காசிய எழுத்தைக் கோக்கும் கம்போசர் என்ற அமைப்பைத் தெரிவு செய்யாவிட்டால் இதே கதி. பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகளை முதலில் யுனிகோடுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் மாவட்டப் பெயர்கள் ஆங்கில எழுத்துக் குப்பையாக வந்து விழும். அழுத்தத்துக்குச் சாய்வெழுத்து வேண்டாம், தமிழில் அது அச்சுப்பிழை போலத் தெரியும். தடித்த எழுத்தும் ஒரு நிறமும் போதும்.

அந்த ஒரு நிறத்தையும் யோசித்தே எடுக்க வேண்டும். எல்லாவற்றையும் சாம்பலாக்கி, சொல்ல வந்த ஒன்றுக்கு மட்டும் நிறம் கொடுப்பது எங்கும் செல்லும் வழி. ஆனால் இலங்கையில் பச்சைக்கும் நீலத்துக்கும் கட்சி வாசம் உண்டு. செம்மஞ்சளையும் பச்சையையும் அருகருகே வைத்து மக்கள்தொகை காட்டினால், தேசியக் கொடியில் தமிழரையும் முஸ்லிம்களையும் குறிக்கும் கோடுகள் ஞாபகத்துக்கு வந்து, சொல்லாத இனக் கணக்கு ஒன்றை வாசகர் வாசிப்பார். கடும் ஊதா அல்லது மண்ணிறம் பெரும்பாலும் பிரச்சினை தருவதில்லை.

கடைசியில் படத்தை 1080 க்கு 1350 பிக்சலில் எடுத்து உங்களுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பி, பெரிதாக்காமல் வாசித்துப் பாருங்கள். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும். 30 பிக்சலுக்குச் சிறிய தமிழ் எழுத்தில் புள்ளிகள் கரைந்து, க் எது க எது என்று தெரியாமல் போகும். மூலம், மாதம், அடிப்படை ஆண்டு மூன்றையும் படத்துக்குள்ளேயே எழுதுங்கள். படத்துக்குக் கீழே தட்டிய குறிப்பு, அடுத்த குழுவுக்குப் படம் தாவும்போது கூடப் போகும் என்று நம்ப முடியாது.