பதினாறு மில்லிமீட்டர்: ரயில் லேஅவுட் மென்பொருளோடு மூன்று வருடம்

என் மாடல் ரயிலில் எப்போதும் நான்காவது பெட்டிதான் கவிழும். ஸ்டேஷனைத் தாண்டி மூலை வளைவுக்குள் நுழையும் இடத்தில் என்ஜின் போய்விடும், மூன்று பெட்டிகளும் போய்விடும், நான்காவது பெட்டி மட்டும் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூட வருவதையும் இழுத்துக்கொண்டு படுக்கும். சக்கரத்தைத் துடைத்தேன். பெட்டிகளை இடம் மாற்றினேன். புதிதாக நான்காவது இடத்துக்கு வந்த பெட்டியும் அதே இடத்தில் கவிழ்ந்தது. ஒரு வாரம் கழித்துதான் ஸ்டீல் ஸ்கேலை எடுத்து டிராக்கின் மேல் வைத்துப் பார்த்தேன். இணைப்பு நேராக இல்லை. கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு முறிவு. அந்த முறிவு பலகையில் உருவானதல்ல, ஒரு மாதம் முன்னால் கம்ப்யூட்டரில் நான் வரைந்த படத்திலேயே இருந்தது.

மாடல் ரயில் பைத்தியம் எனக்கு நாற்பது வயதைத் தாண்டிப் பிடித்தது. சென்னை ஃபிளாட்டில் ஒரு சுவரோரம் காலி. கடையில் 6 அடிக்கு 3 அடி பிளைவுட் கிடைக்கிறது, ஆசாரி அதற்குக் கால் போட்டுக் கொடுத்தார். 1829-க்கு 914 மில்லிமீட்டர். எச்ஓ அளவில், அதாவது 1:87-இல், இந்தப் பலகையில் ஒரு வட்டம் போட்டாலே விளிம்பு வந்துவிடும். அதனால் ‘என்’ (N) ஸ்கேல், அதாவது 1:160. டிராக், ஜப்பானின் கேட்டோ நிறுவனத்தின் யூனிடிராக், ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் துண்டுகள். தண்டவாள இடைவெளி 9 மிமீ. உலகத்தில் பெரும்பாலான ரயில்களின் 1435 மிமீ பாதையை 160-ஆல் வகுத்தால் அதுதான் வரும். நம்ம ஊர் அகலப்பாதை 1676 மிமீ, வகுத்தால் பத்தரை. ஆக இந்திய வண்டியை இதில் ஓட்டினால் பாதை ஒன்றரை மிமீ ஒல்லி. எனக்கு அது உறுத்தவில்லை, உறுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்.

வெளிநாட்டிலிருந்து டிராக் வரவழைத்தால் தபால் செலவும் சுங்க வரியும் சேர்ந்து கையைக் கடிக்கும். தப்பான துண்டு வந்தால் திருப்பி அனுப்பவும் முடியாது. அதனால்தான் முதலில் மென்பொருள் பக்கம் போனேன். வரைந்து, சரிபார்த்து, சரியான பட்டியலோடு வாங்கலாம் என்று கணக்கு.

முதலில் எனிரெயில். துண்டை இழுத்து வந்து இன்னொன்றின் முனைக்கருகில் விட்டால் பட்டென்று ஒட்டிக்கொள்ளும். பத்து நிமிடத்தில் பிடிபட்டது. இலவசப் பதிப்பில் 50 துண்டுகள்தான், இரட்டைப் பாதை வட்டம் போட்டு ஸ்டேஷனைத் தொட்டதும் தீர்ந்துவிட்டது. அடுத்து ஸ்கார்ம், பல்கேரியாவைச் சேர்ந்த மிலென் பீவ் எழுதியது. இதில் இலவச எல்லை 100 துண்டுகள். முப்பரிமாணக் காட்சி இருக்கிறது. வரைந்த பாதையைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், மேடு பள்ளம் வைக்கலாம். முதல் இரண்டு வாரம் நான் டிராக் போட்டதைவிட அந்தக் காட்சியைச் சுழற்றிப் பார்த்த நேரம்தான் அதிகம். குழந்தைக்குக் கிலுகிலுப்பை மாதிரி.

என் முதல் படத்தை வரைந்தது அந்த நாட்களில்தான். யூனிடிராக்கில் வளைவுகளின் ஆரம் 249, 282, 315, 348 என்று போகும். ஒவ்வொன்றுக்கும் நடுவே 33 மிமீ. உள்பாதைக்கு 282, வெளிப்பாதைக்கு 315 எடுத்தால் இரண்டும் சீராக 33 மிமீ விலகி ஓடும். எட்டுத் துண்டு ஒரு வட்டம், நடுவில் நான்கு நான்கு 248 மிமீ நேர்த்துண்டுகள். அழகாக வந்தது. வண்டி ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஸ்டேஷன் பக்கம் ஒரு கிராஸ்ஓவர் வைக்க நினைத்தேன். பாதை இரண்டாகப் பிரியும் துண்டுக்குப் பாயிண்ட் என்று பெயர், அதில் நம்பர் 4, நம்பர் 6 என இரண்டு வகை. நம்பர் 6 நீளமானது, பார்க்க நிஜ ரயில்வே மாதிரி இருக்கும். அதையே எடுத்தேன்.

இரண்டு பாயிண்டையும் முனையோடு முனை சேர்த்ததும் வெளிப்பாதை தானாக வெளியே தள்ளி நின்றது. ஏன் என்று அன்று யோசிக்கவில்லை. வளைவுக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி விழுந்தது. அங்கே இஷ்டப்படி வளையும் ஃப்ளெக்ஸ் டிராக் ஒன்றைப் போட்டேன், மென்பொருள் மறுபேச்சு பேசாமல் அதை எஸ் மாதிரி வளைத்து இரண்டு முனையையும் கோர்த்துவிட்டது. திரையில் கோடு நூல் பிடித்த மாதிரி இருந்தது. வாங்க வேண்டிய பட்டியலில் கடைசி வரியாக அந்தச் சின்ன ஃப்ளெக்ஸ் துண்டு இருந்தது. ஒரு துண்டுக்காகத் தனியாகப் பார்சலா என்று அடித்துவிட்டேன். பலகையில் அந்த இடத்தைக் கையால் அழுத்தி நெருக்கிப் பூட்டினேன். பூட்டிக்கொண்டது. நான்காவது பெட்டி கவிழ ஆரம்பித்தது.

காரணம் பள்ளிக்கூடத்துக் கணக்குதான். நம்பர் 6 பாயிண்டின் கிளை 718 மிமீ ஆரத்தில் 15 டிகிரி திரும்புகிறது. அந்தத் திருப்பம் முடியும்போது கிளை பக்கவாட்டில் சுமார் 24.5 மிமீ விலகியிருக்கும். இரண்டு பாயிண்ட் என்றால் 49. என் பாதைகளின் விலகல் 33. மீதி 16 மிமீ எங்கேயாவது போயாக வேண்டுமே, என் விஷயத்தில் அது மூலை வளைவின் கழுத்தில் போய் உட்கார்ந்தது. நம்பர் 4-இன் கிளை 481 மிமீ ஆரம், அதே 15 டிகிரி. கணக்குப் போட்டால் இரண்டுக்கும் சேர்த்து 33-ஐ ஒட்டி வருகிறது. அட்டைப்பெட்டியில் நம்பர் 4 என்று போட்டுவிட்டு கேட்டோக்காரர்கள் சும்மா இருக்கவில்லை, 33-க்காகவே அதை வடிவமைத்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரிய ஒரு ஜோடி பாயிண்ட் செலவாயிற்று. அந்த நம்பர் 6 ஜோடி இப்போது யார்டில் இருக்கிறது, வீணாகவில்லை.

அன்றிலிருந்து ஒரு பழக்கம். யூனிடிராக் மாதிரி கட்டித் துண்டுகளால் போடும் லேஅவுட்டில் ஃப்ளெக்ஸ் டிராக்கைத் தொடுவதே இல்லை. மூடாத இடைவெளியை மூடாமலே விட்டுவிட்டு அளந்து பார்ப்பேன். அளவு என்ன சொல்கிறதோ அதுதான் பிழையின் பெயர்.

ஸ்கார்மில் நூறு துண்டு முடிந்தபோது பணம் கட்டி வாங்கியிருக்கலாம், நியாயமான விலைதான். ஆனால் நண்பர் ஒருவர் எக்ஸ்டிராக்கேட் என்ற மென்பொருளைப் பற்றிச் சொன்னார். டேவ் புல்லிஸ் என்பவர் ஒரு காலத்தில் விற்பனைக்காக எழுதியது, பிறகு யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம் என்கிற ஜிபிஎல் உரிமத்தில் திறந்துவிடப்பட்டது. துண்டுக்கு எல்லை கிடையாது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும். என் பழைய லினக்ஸ் லேப்டாப்புக்கும் அது வசதி.

முதல் ஒரு மாதம் அழுதேன் என்றே சொல்லலாம். முதல் நாள் டிராக் துண்டு ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. கேட்டோ துண்டுகளின் அளவுகள் உள்ள பாராமீட்டர் ஃபைலை நாமாகத்தான் ஏற்ற வேண்டுமாம். ஏற்றினேன், அப்போதும் வரவில்லை. படத்தின் ஸ்கேல் எச்ஓ-வில் இருந்தது, என்-னுக்கு மாற்றியதும் கீழே வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொரு கருவியும் முதலில் எதைத் தொட வேண்டும், அடுத்து எதை இழுக்க வேண்டும் என்று ஒரு முறை வைத்திருக்கிறது. திரையின் அடியில் ஒரு வரியில் அது எழுதியும் இருக்கிறது. அந்த வரியைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு மென்பொருள் வசப்பட்டது. அதுவரை அது ஏதோ அலங்காரம் என்று நினைத்திருந்தேன்.

வசப்பட்டதும் விட மனமில்லை. குறைந்தபட்ச ஆரம், அதிகபட்சச் சரிவு இரண்டையும் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். அதை மீறும் டிராக் வேறு நிறத்தில் தெரியும். நான் ஆரத்துக்கு 280, சரிவுக்கு 2 சதவீதம் என்று வைத்தேன். வைத்த அன்றே என் பெரிய ஆசை ஒன்று நிறம் மாறியது.

ஒரு பாதை மேலே பாலமாக ஏறி இன்னொன்றைக் கடக்க வேண்டும் என்பது ஆசை. கேட்டோவின் பாலத் தூண் 50 மிமீ உயரம். 2 சதவீதம் என்றால் நூறு சென்டிமீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர், 50 மிமீ ஏற இரண்டரை மீட்டர் வேண்டும். இறங்க இன்னொரு இரண்டரை. என் வெளிப்பாதையின் மொத்தச் சுற்றளவே 3.96 மீட்டர். ஸ்கார்மில் வரைந்தபோது நான்கு நேர்த்துண்டில், ஒரு மீட்டருக்குள், ஐம்பதையும் ஏற்றி வைத்திருந்தேன். ஐந்து சதவீதம். முப்பரிமாணத்தில் மலை ரயில் மாதிரி என்ன அழகு! சதவீதம் பக்கத்திலேயே எழுதியிருந்தது, அதைப் பார்க்க எனக்குத்தான் தெரியவில்லை. புத்தகங்களை அடுக்கி அதே சரிவில் நாலு துண்டைச் சாய்த்து ஆறு பெட்டியோடு ஏற்றிப் பார்த்தேன். சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. சரிவை மூன்று சதவீதமாக்கினால் ஏற 1.67 மீட்டர் போதும். ஏற்றமும் இறக்கமுமாக மூன்றேகால் மீட்டருக்கு மேல் போய்விடும், ஸ்டேஷனுக்கு மிஞ்சும் சமதளம் அரை மீட்டர் சொச்சம்தான். பாலத்தை விட்டுவிட்டேன்.

கல்லாறிலிருந்து குன்னூர் ஏறும் நீலகிரி ரயிலின் செங்குத்தான இடம் 12.28-க்கு 1, அதாவது எட்டு சதவீதத்துக்கு மேல். அங்கே நடுவில் பற்சட்டம் இருக்கிறது, என்ஜினின் பல்சக்கரம் அதைக் கடித்துக்கொண்டு ஏறுகிறது. வழவழப்பான தண்டவாளத்தில் சக்கரத்தின் ரப்பர் வளையத்தை நம்பி ஏறும் என் பொம்மையை அதோடு ஒப்பிட்டதே தப்பு.

எக்ஸ்டிராக்கேடில் ரயிலை ஓட்டிப் பார்க்கவும் முடியும். விளையாட்டு மாதிரி தோன்றினாலும் எனக்கு இதுதான் சோதனைக் கருவி. கண்ணுக்கு இணைந்த மாதிரி தெரிந்து உண்மையில் இணையாத முனை இருந்தால் வண்டி அங்கே மேற்கொண்டு போகாது. படம் முடிந்ததும் எல்லாப் பாதையிலும் ஒரு சுற்று ஓட்டிவிட்டுத்தான் பட்டியல் எடுப்பேன்.

ஆனால் இந்தச் சோதனையிலும் ஒரு விஷயம் தப்பிவிடும். பாதை ஒரு பலூன் போல வளைந்து தன்னிடமே திரும்பி வந்து சேரும் ஒரு சுழல் போட்டேன். திரையில் ரயில் போய், சுற்றி, எதிர்த்திசையில் திரும்பி வந்தது. பிரமாதம். பலகையில் போட்டு கரண்ட் கொடுத்ததும் பவர் பேக் அணைந்துவிட்டது. இரண்டு தண்டவாளத்தில் ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். சுழன்று திரும்பும்போது இடது தண்டவாளம் வலதோடு போய் முட்டுகிறது, நேரடி ஷார்ட். இணைப்பில் காப்பு வைத்துப் பிரித்து, தனி ஸ்விட்ச் வைத்தால் ஓடும். படம் வரைகிற மென்பொருளுக்கு டிராக் என்பது கோடு. அதில் மின்சாரம் ஓடுவது அதற்குத் தெரியாது.

அச்சடித்த கதையையும் சொல்ல வேண்டும். படத்தை நிஜ அளவிலேயே பல பக்கங்களாக அச்சடித்து, ஒட்டி, பலகையில் விரித்து அதன் மேல் டிராக்கை வைக்கலாம். நல்ல வசதி. பிடிஎஃப்பாக்கி ஒரு ஜெராக்ஸ் கடையில் கொடுத்தேன். வீட்டில் செல்லோ டேப் போட்டு ஒட்டி முடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போயிற்று. 248 மிமீ நேர்த்துண்டை அதன் படத்தின் மேல் வைத்தேன், ஏழு மிமீ வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மறுபடி கடைக்குப் போனேன்.

“ஓரம் கட் ஆகுது சார், அதான் ஃபிட் டு பேஜ் போட்டேன்” என்றான் பையன்.

அவன் நல்லதுதான் நினைத்தான். மூன்று சதவீதம் சுருங்கிவிட்டது. இப்போதெல்லாம் படத்தின் ஓரத்தில் சரியாக 100 மிமீ நீளத்துக்கு ஒரு கோடு வரைந்து வைக்கிறேன். முதல் பக்கம் வந்ததும் கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியை அடிக்கச் சொல்வேன். பையனுக்கு இப்போது என்னைக் கண்டாலே சிரிப்பு.

புதிதாக ஆரம்பிப்பவர் என்னிடம் கேட்டால் ஸ்கார்மைத்தான் சொல்வேன். 6 அடிக்கு 3 அடியில் முதல் லேஅவுட்டுக்கு நூறு துண்டு தாராளம், முப்பரிமாணம் ஆர்வத்தை அணையாமல் வைத்திருக்கும், ஆனால் சதவீதத்தையும் பாருங்கள். ஒரே மாலையில் ஏதாவது வரைந்து பார்த்துவிட வேண்டும் என்பவருக்கு எனிரெயில். எக்ஸ்டிராக்கேடுக்கு ஒரு மாதப் பொறுமை வேண்டும். அது உள்ளவருக்கு, அதுவும் ஃப்ளெக்ஸ் டிராக்கைக் கையால் வளைத்துப் போடப் போகிறவருக்கு, அது கொடுக்கும் பிடி வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. எதை எடுத்தாலும் முதல் வேலையாகக் கையில் உள்ள நாலு துண்டைத் தரையில் பூட்டி, அதே நாலைத் திரையிலும் வரைந்து, இரண்டையும் அளந்து பாருங்கள். நான் செய்யாதது அது.

இப்போது இரண்டாவது பலகைக்கு வரைந்துகொண்டிருக்கிறேன், பாதை முடியும் ஒரு முனையமும் நான்கு வழி யார்டும். போன வாரம் மகள் பக்கத்தில் உட்கார்ந்து அதில் ரயில் ஓட்டினாள். மூன்றாம் வழியின் வாயிலில் வண்டி நின்றுவிட்டது. “அப்பா, இங்க ஒட்டல” என்றாள். அளந்து பார்த்தேன், இரண்டரை மில்லிமீட்டர். எங்கிருந்து வந்தது என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.