ஸ்பிரிங் ஏர் ரைபிளுக்கு எந்தப் பெல்லட்: ஏழாண்டு அனுபவம்

என் தாத்தாவிடம் பயிர்ப் பாதுகாப்புக்கென்று உரிமம் பெற்ற, வாய்வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கி ஒன்று இருந்தது. அவர் வெடிமருந்தை அளப்பதற்கென்றே ஒரு மூங்கில் கணுவை நறுக்கி வைத்திருந்தார். அந்த அளவுக்கு மேல் ஒரு சிட்டிகைகூடப் போட மாட்டார். ஈரக்காற்று அடிக்கும் ஐப்பசி மாதத்தில் மட்டும் மருந்தை ஒரு முறை வெயிலில் காட்டிவிட்டு அளப்பார். நான் ஏழு ஆண்டுகளாகப் பயன்படுத்தும் ஏர் ரைபிளில் அந்த மருந்தின் வேலையை ஸ்பிரிங்கும், அது தள்ளிக் காற்றை அழுத்தும் பிஸ்டனும் செய்கின்றன. அதைக் கூட்டவோ குறைக்கவோ நமக்கு வசதியில்லை. நம் கையில் மிஞ்சுவது ரவை ஒன்றுதான் என்பதால், ஐந்து வகைப் பெல்லட்டுகளை, அதாவது சின்ன ஈயக் குண்டுகளை, மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்ததில் தெரிந்துகொண்டவற்றை எழுதுகிறேன்.

ரைபிள், குழாயை மடக்கி ஸ்பிரிங்கை இழுக்கும் வகையைச் சேர்ந்தது. குழாயின் விட்டம் 4.5 மி.மீ. ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டது என்பதால் 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி உரிமம் தேவைப்படவில்லை. மேலூருக்குப் பக்கத்தில் உள்ள எங்கள் தென்னந்தோப்பில், பம்புசெட் அறையின் சுவரை ஒட்டிப் பத்து மீட்டர் அளந்து இலக்கு வைத்திருக்கிறேன். இலக்கு என்றால் காகித அட்டைதான். கிளியைச் சுடலாமா, மயிலை விரட்டலாமா என்று தோப்புக்கு வருகிறவர்கள் கேட்கத்தான் செய்கிறார்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் மாட்டிக்கொள்ள ஆசையிருந்தால் சொந்தத் துப்பாக்கி வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

முதல் ஓராண்டு முழுவதும், ரைபிளோடு கடைக்காரர் கொடுத்த விலை மலிவான கூர்முனைப் பெல்லட்டையே சுட்டேன். கூர்முனை என்றால் குறி தவறாது என்று நானும் நம்பியிருந்தேன். பத்து மீட்டரில் ஐந்து குண்டுகள் ஒரு எலுமிச்சம்பழ அகலத்துக்குச் சிதறின. குறை என் கையில்தான் என்று எண்ணி மூச்சையும் விரலையும் திருத்திக்கொண்டே இருந்தேன். பிறகு ஒரு நாள் மதுரை தெற்காவணி மூல வீதியில் கல் எடை பார்க்கும் சிறிய மின்தராசு ஒன்றை வாங்கி வந்து, அதே டப்பாவிலிருந்து இருபது பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தேன். மிக லேசானது 0.44 கிராம், மிகக் கனமானது 0.52 கிராம். பாவாடை போல் விரிந்திருக்கும் பின்பகுதி நான்கில் நசுங்கியிருந்தது. இரண்டில் அச்சின் பிசிறு நகத்தில் தட்டியது. பின்பகுதி வட்டமாக இல்லாவிட்டால் காற்று ஒரு பக்கமாகக் கசிந்து, குண்டு குழாயை விட்டு வெளியேறும்போதே சாய்ந்து போகும்.

அடுத்து வாங்கியவை போட்டிகளில் பயன்படும் தட்டைத்தலைப் பெல்லட்டுகள். இவை அட்டையில் காகிதத் துளைப்பான் போல வட்டமாக வெட்டிவிடுவதால் மதிப்பெண் பார்ப்பது எளிது. பத்து மீட்டர் ரைபிள் அட்டையில் பத்தாம் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். ஒன்பதாம் வளையம் 5.5 மி.மீ. கிழிந்த துளையை வைத்துக்கொண்டு அங்கே கணக்குப் பார்க்கவே முடியாது. ஆர்.டபிள்யூ.எஸ். ஆர்10, எச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் இரண்டுமே 0.53 கிராம் எடையில் கிடைக்கின்றன. எடை வேறுபாடு என் தராசில் பெரும்பாலும் தெரியவே இல்லை. ஆயினும் என் குழாய் இவற்றில் ஒன்றையே விரும்பியது. ஃபினாலே மேட்ச்சில் 4.49 மி.மீ. தலை அளவு ஐந்து குண்டுகளையும் ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அடக்கியது. அதே பெல்லட்டின் 4.51 அளவு ஏறக்குறைய இரு மடங்கு சிதறியது. நூற்றில் இரண்டு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று கேட்பவர்கள் பெல்லட்டைக் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளிப் பார்க்க வேண்டும்: ஒன்று வழுக்கிக்கொண்டு போய் அமரும், மற்றொன்று விளிம்பில் தயங்கி நிற்கும். ஆர்10 மோசமில்லை, இன்னொருவருடைய குழாய்க்கு அதுவே முதலாவதாக இருக்கக்கூடும்.

உருண்டைத்தலை ஜே.எஸ்.பி. எக்ஸாக்ட்டைத் தோப்பின் நீளத்தில் 25 மீட்டருக்கு வைத்துச் சுட்டபோது அது தட்டைத்தலையைத் தோற்கடித்தது. தட்டை முகம் காற்றை மோதித் தூரத்தில் நிலை தடுமாறுகிறது என்பதே காரணம். பத்து மீட்டருக்கு இந்த ஆராய்ச்சி வேண்டியதில்லை.

எடையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. கனமான குண்டு வலுவாகப் போகும் என்று 0.68 கிராம் பெல்லட் ஒன்றையும் முயன்றேன். ஸ்பிரிங் ரைபிளில் பிஸ்டன் முன்னோக்கிப் பாயும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பிஸ்டன் முட்டி நிற்கும்போது முன்னால் இழுக்கும். இத்தனையும் குண்டு குழாய்க்குள் இருக்கும்போதே நடந்துவிடும். குண்டு கனத்தால் அது குழாய்க்குள் தங்கும் நேரம் கூடுகிறது, கை செய்யும் பிழையும் அதில் சேர்ந்துகொள்கிறது. மிக லேசானதைப் போட்டாலோ, முன்னால் போதிய காற்றுத் தடை இல்லாமல் பிஸ்டன் சுவரில் அறைந்து, காற்றுக் கசியாமல் அடைக்கும் சீல் கெடும். என் ரைபிளுக்கு 0.45 முதல் 0.55 கிராம் வரை ஒத்துவருகிறது. துப்பாக்கியை இறுக்கிப் பிடிக்காமல் இடது உள்ளங்கையில் சும்மா கிடத்திச் சுட்டால் இந்த உதை ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அமைகிறது.

மூன்றாம் ஆண்டில் நேர்ந்த இழப்பு பெல்லட்டால் வந்ததன்று. பழுது பார்க்கும் ஒருவர் சொன்னதை நம்பித் தையல் மெஷின் எண்ணெயை அழுத்த அறைக்குள் இரண்டு சொட்டு விட்டேன். அடுத்த குண்டு தீபாவளி வெடி போல வெடித்தது. குழாய் முனையில் நீலப் புகை, தாத்தாவின் துப்பாக்கியை நினைவூட்டும் நெடி. அழுத்தப்பட்ட காற்றின் சூட்டில் எண்ணெய் டீசல் எஞ்சினில் எரிவது போல் எரிந்திருக்கிறது. ஏறத்தாழ பத்துக் குண்டுகள் இலக்குக்கு மேலே போய்ச் சுவரில் பதிந்தன. சீலை மாற்ற வேண்டியதாயிற்று. பக்கத்துத் தோட்டத்துச் சித்தப்பா ஓடி வந்து, "எங்கய்யா துப்பாக்கிய மறுபடியும் எடுத்துட்டியாடா?" என்று கேட்டார். இப்போது சிலிகான் எண்ணெய் மட்டும்தான், அதுவும் அரிதாக. சித்திரை வெயிலில் ரைபிளைக் காருக்குள் விட்டுவைப்பதையும் நிறுத்திவிட்டேன். ஸ்பிரிங்கில் தடவிய கிரீஸ் இளகி முன்னால் வழிந்தாலும் இதே கதைதான்.

இரும்புத் தகட்டில் பட்ட ஈயம் தெறித்துத் திரும்பி வரும் என்பதால், பழைய வேட்டித் துணியைத் திணித்த மரப்பெட்டியை இலக்குக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முறுக்குத் தட்டைத் தொட வீட்டில் யாருக்கும் அனுமதியில்லை.

சென்ற ஆண்டு அதே ஃபினாலே மேட்ச் 4.49-இல் புதிய டப்பா ஒன்றைத் திறந்தபோது குண்டுகள் கூட்டமாக ஆறு மில்லிமீட்டர் இடப்பக்கம் விழுந்தன. டப்பாவின் அடியில் பார்த்தால் தொகுதி எண் வேறு. அதிலிருந்து ஒரே தொகுதியில் நான்கு டப்பாக்களைச் சேர்த்து வாங்குகிறேன். ஒரு டப்பாவுக்கு 500 குண்டுகள், வாரம் ஐம்பது என்று கணக்கிட்டால் முக்கால் ஆண்டுக்கு வரும். மீந்த 4.51 டப்பாவை, போட்டி ரைபிளில் பயிற்சி எடுக்கும் அக்காள் மகளுக்குக் கொடுத்தேன். அவளுடைய குழாயில் அது பொத்தானைவிடச் சிறிய வட்டத்துக்குள் விழுகிறதாம். இன்னும் இருக்கிறதா மாமா என்று கேட்கிறாள்.