நட்சத்திரமில்லாத படத்தை யார் வெளியிடுவது: விநியோகஸ்தரா, ஓ.டி.டி.யா, தயாரித்தவரேயா?

தணிக்கைச் சான்றிதழ் வாங்கியாயிற்று, ஆனால் சுவரொட்டியில் போட்டால் அடையாளம் தெரியும் முகம் ஒன்றுகூட இல்லை என்ற நிலையில் இருக்கும் ஒரு தமிழ்ப் படத்துக்கு இன்று நான்கு வழிகள் உண்டு. விநியோகஸ்தரிடம் ஒப்படைக்கலாம்; தயாரிப்பாளரே திரையரங்குகளைப் பிடித்து வெளியிடலாம்; ஊர் ஊராகத் தனிக்காட்சிகள் நடத்தலாம்; ஓ.டி.டி. தளத்துக்கோ யூடியூபுக்கோ நேரே கொண்டுபோகலாம். இவற்றில் எது அதிகப் பணம் தரும் என்றுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள். எந்த வழியை முதலில் எடுத்தால் எந்த வழி அடைபடும் என்று கேட்பதே முதன்மையானது என்பது என் கருத்து. யூடியூபில் இலவசமாகப் போட்ட படத்தைத் திரையரங்கு ஏற்காது; வெள்ளிக்கிழமை வெளியாகி ஞாயிற்றுக்கிழமை தூக்கப்பட்ட படத்துக்கு எந்தத் தளமும் நல்ல விலை சொல்லாது.

விநியோகஸ்தரிடம் கொடுப்பதில் மூன்று முறைகள் இருக்கின்றன. முழு உரிமையையும் ஒரு விலைக்கு விற்பது அவுட்ரைட். குறைந்தபட்சத் தொகை ஒன்றை உறுதியாகப் பெற்று, அதற்கு மேல் வரும் வசூலில் பங்கு கேட்பது மினிமம் கேரண்டி, அதாவது எம்.ஜி.; முன்பணம் ஏதுமின்றியோ சிறிய முன்பணத்துடனோ கமிஷன் அடிப்படையில் வெளியிடக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூஷன். முதல் இரண்டும் நடிகரின் பெயருக்குக் கிடைப்பவை. பெயரில்லாத படத்துக்கு மூன்றாவது முறைதான் வாய்க்கும். அதில் சுவரொட்டிச் செலவும் விளம்பரச் செலவும் திரையரங்குகளுக்கான டிஜிட்டல் கட்டணமும் தயாரிப்பாளருடையவை, நட்டமும் அவருடையதே, வசூல் வந்தால் முதலில் கழிவது விநியோகஸ்தரின் கமிஷன். இப்படிச் சொன்னால் அந்த ஏற்பாடு வெறும் சுரண்டல் போலத் தோன்றும். ஆனால் அதில் கிடைக்கும் ஒரு பொருளை வேறு எங்கும் வாங்க முடியாது. அது வசூலிக்கும் வலு. சென்னை, செங்கல்பட்டு உள்ளிட்ட வட தென் ஆற்காடு, கோவை, சேலம், திருச்சி-தஞ்சை, மதுரை-ராமநாதபுரம், நெல்லை-குமரி என்று ஏரியா ஏரியாவாகப் பிரிந்து கிடக்கும் சந்தையில், ஒரே திரை கொண்ட ஒரு தனித்திரை அரங்கு தர வேண்டிய பங்குத் தொகையை உரிய காலத்தில் தருவதற்கு முதற்காரணம், அந்த ஏரியா விநியோகஸ்தரின் கையில் அடுத்த பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஒரு பெரிய படம் இருக்கிறது என்பதுதான். ஒரே ஒரு படத்தை எடுத்துவிட்டு, அதையே கையில் பிடித்துக்கொண்டு நிற்கும் தயாரிப்பாளரிடம் அந்தப் பிடி இல்லை.

தயாரிப்பாளரே வெளியிடும் வழியில் இந்தக் குறையை ஓரளவு சமாளிக்கலாம். மல்டிபிளெக்ஸ் நிறுவனங்களில் டிக்கெட் விற்பனை முழுவதும் கணினியில் பதிவாகிறது; தினசரி வசூல் அறிக்கை கைக்கு வருகிறது; பணம் தாமதமானாலும் கணக்கு மறைவதில்லை. ஆகவே சென்னை, கோவை, மதுரை போன்ற நகரங்களின் மல்டிபிளெக்ஸ்களை நேரடியாகக் கையாண்டு, மாவட்டத் தனித்திரைகளை மட்டும் ஏரியா விநியோகஸ்தரிடம் கமிஷனுக்குக் கொடுப்பது, முழுவதையும் ஒருவரிடம் ஒப்படைப்பதைவிடவும் முழுவதையும் தாமே தலையில் சுமப்பதைவிடவும் நல்லது.

அடுத்த சிக்கல் டிஜிட்டல் கட்டணம். படச்சுருள் போய் டிஜிட்டல் திரையிடல் வந்தபோது, கியூப், யு.எஃப்.ஓ. போன்ற நிறுவனங்கள் அரங்குகளில் தம் செலவில் கருவிகளை நிறுவின. அந்த முதலீட்டை ஒவ்வொரு படத்தின் தயாரிப்பாளரிடமிருந்தும் வி.பி.எஃப். (விர்ச்சுவல் பிரிண்ட் ஃபீ) என்ற பெயரில் திரும்பப் பெற்றன. இந்தக் கட்டணத்தை எதிர்த்து 2018 மார்ச் 1 முதல் தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள் புதிய படங்களை வெளியிடாமல் நிறுத்தி, ஏப்ரல் மாதம் வரை போராடினார்கள். பெரிய படத்துக்கு இந்தக் கட்டணம் வசூலில் ஒரு துளி. ஒரு நாளைக்கு இரண்டு காட்சி பெறும் சிறிய படத்துக்கோ அதுவே முதல் நட்டம். கட்டணம் போய்ச் சேராவிட்டால், அரங்கின் சர்வரில் படத்தைத் திறக்கும் கே.டி.எம். சாவி வராது, சாவி வராவிட்டால் டிக்கெட் வாங்கி வந்தவர் திரும்பிப் போக வேண்டியதுதான்.

இவை எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்த பிறகும் மிஞ்சுவது வெள்ளிக்கிழமை. தமிழில் ஆண்டுக்கு 200க்கும் மேற்பட்ட படங்கள் வெளியாகின்றன. பெரிய படம் வராத வாரம் என்று கணக்குப் போட்டு ஒருவர் தேர்ந்தெடுக்கும் வெள்ளிக்கிழமையை இன்னும் நான்கைந்து பேர் அதே கணக்கோடு தேர்ந்தெடுத்திருப்பார்கள். கிடைப்பது காலை 11.30 மணிக் காட்சி. வேலைக்குப் போகிறவர் பார்க்க முடியாத நேரம். பார்வையாளர் மிகக் குறைவாக இருந்தால் அரங்கு காட்சியையே ரத்து செய்துவிடும். சனிக்கிழமை மாலை வரலாம் என்று நினைத்திருந்தவருக்கு அந்த மாலையில் காட்சி இராது. சிறிய படத்தைப் பற்றிய நற்செய்தி வாய்வழியாகப் பரவ ஒரு வாரமாவது வேண்டும். அரங்கு கொடுக்கும் அவகாசமோ மூன்று நாள். தாமே வெளியிடுகிறவருக்கு இருக்கும் பெரிய சுதந்திரம் இந்த வெள்ளிக்கிழமைப் பந்தயத்தில் ஓடாமல் இருக்கலாம் என்பது. வியப்பு என்னவென்றால், பலரும் அந்தச் சுதந்திரத்தை விட்டுவிட்டு, நூறு அரங்குகளில் வெளியிட்டோம் என்று சொல்லிக்கொள்வதற்காகக் கடன் வாங்குகிறார்கள்.

அந்தப் பந்தயத்தில் ஓடாமலிருக்கும் வழி தனிக்காட்சி. அதற்குப் பக்கத்து மாநிலத்தில் நல்ல முன்னோடி உண்டு. மலையாள இயக்குநர் ஜான் ஆபிரகாமின் ஒடேசா இயக்கம் மக்களிடம் சிறுசிறு தொகையாகத் திரட்டிய பணத்தில் 'அம்ம அறியான்' படத்தை 1986இல் முடித்து, அரங்குகளை நம்பியிராமல் கேரளத்தின் ஊர்களுக்கே கொண்டுபோய்த் திரையிட்டது. பிற்காலத்தில் சனல்குமார் சசிதரனும் நண்பர்களும் 'ஒராள்ப்பொக்கம்' படத்தைச் சினிமா வண்டி என்ற பெயரில் ஊர் ஊராக எடுத்துச் சென்றார்கள். அரங்குக்குள்ளேயே இதைச் செய்வதற்கு 2013இல் 'ஷிப் ஆஃப் தீசியஸ்' என்ற படம் ஒரு வழி காட்டியது: முதலில் சில நகரங்களில் மட்டும் வெளியிட்டு, எங்கள் நகரத்துக்கும் வேண்டும் என்று இணையத்தில் வாக்களிக்கச் செய்து, வாக்கு சேர்ந்த ஊர்களுக்குப் படத்தை விரித்தார்கள். அதே ஆண்டில் வெளியான கன்னடப் படமான 'லூசியா'வுக்குப் பவன் குமார் ஏறத்தாழ 50 லட்சம் ரூபாயைப் பொதுமக்களிடமே திரட்டினார். பணம் போட்ட ஒவ்வொருவரும் படத்துக்குக் கூலி வாங்காத விளம்பரதாரர் ஆனார்.

சட்டத்தை மறந்துவிட்டு இதில் இறங்கக் கூடாது. பொதுமக்களுக்குத் திரையிடும் படத்துக்கு 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். திரைப்பட விழாக்களுக்கு ஒன்றிய அரசு தனியாக விலக்கு அளிக்கிறது. திரையிடும் இடத்துக்குத் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும். ஆகவே கல்யாண மண்டபத்தில் டிக்கெட் விற்பதைவிட, ஊரில் உள்ள உரிமம் பெற்ற அரங்கின் ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சியை வாடகைக்கு எடுப்பதே பாதுகாப்பானது. அந்த ஊரின் ஃபிலிம் சொசைட்டியோ வாசகர் வட்டமோ கல்லூரித் தமிழ்த்துறையோ துணைக்கு இருந்தால் 150 பேர் சேருவது அரிதன்று.

வார வெளியீட்டையும் தனிக்காட்சியையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்ப்போம். எண்கள் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. 10 அரங்குகள், நாளுக்கு 2 காட்சிகள், ஒரு வாரம் என்றால் 140 காட்சிகள். காட்சிக்கு 30 பேர் வீதம் 4,200 பேர். தனிக்காட்சிக்கு 150 பேர் வீதம் 28 ஊர்களில் நடத்தினாலும் அதே 4,200 பேர். 100 ரூபாய் டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 விழுக்காடு என்பதால், உள்ளாட்சியின் கேளிக்கை வரியை ஒதுக்கிவிட்டால், கையில் நிற்பது சுமார் 95 ரூபாய். இரண்டிலும் மொத்தம் 4 லட்சம். வார வெளியீட்டில் அரங்குடன் பாதிப் பாதி என்று வைத்தால் 2 லட்சம் மிஞ்சும். அதிலிருந்து சுவரொட்டியும் விளம்பரமும், காட்சிக்கு இவ்வளவு என்று பேசியிருந்தால் 140 காட்சிகளுக்கான டிஜிட்டல் கட்டணமும் போக வேண்டும். தனிக்காட்சியில் வாடகை 6,000 ரூபாய் என்று வைத்தால் 1,68,000 போய், ஏறத்தாழ 2,30,000 மிஞ்சும். டிஜிட்டல் கட்டணம் 28 காட்சிகளுக்கு மட்டும். விளம்பரச் செலவு மிகக் குறைவு. இதற்கு விலை நேரம். வாரம் ஓர் ஊர் என்றால் ஆறு மாதம் ஆகும். இயக்குநர் ஒவ்வோர் ஊருக்கும் போய் நிற்க வேண்டும். பயணச் செலவு மேற்சொன்ன மிச்சத்தைத் தின்னும். ஆயினும் 30 பேர் சிதறி உட்கார்ந்திருக்கும் அரங்கைவிட 150 பேர் நிறைந்த அரங்கு படத்துக்கு நல்ல பெயரைத் தேடித் தரும்.

டிக்கெட் விலையைப் பற்றி இங்கேயே ஒன்று சொல்லிவிடலாம். 100 ரூபாயைத் தாண்டினால் வரி 18 விழுக்காடு. 120 ரூபாய் டிக்கெட்டில் வரி போக நிற்பது 102 ரூபாய்க்கும் குறைவு. அதாவது பார்வையாளர் 20 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தாலும் வந்து சேருவது ஏழு ரூபாய் கூட இல்லை. தனிக்காட்சி நடத்துகிறவர் 100 ரூபாயிலேயே நிற்பது நல்லது.

ஓ.டி.டி. வழியைப் பொறுத்தவரை, 2020இல் கொரோனா முடக்கத்தின்போது உருவான நம்பிக்கை இன்றைய நிலைக்குப் பொருந்தாது. அப்போது தளங்கள் படம் தேடின. இப்போது பெரும்பாலும் திரையரங்கு வசூலைப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுகின்றன. விழா விருது இருந்தாலும் காத்திருப்பு குறையவில்லை: 2021இல் ராட்டர்டாம் விழாவின் டைகர் விருதை வென்ற 'கூழாங்கல்' சோனி லிவ் தளத்தில் வந்தது 2023 அக்டோபரில். மொத்த விலை கிடைக்காதபோது, பார்க்கப்பட்ட நேரத்துக்கு ஏற்பப் பணம் என்ற ஏற்பாட்டை இடைத்தரகர் நிறுவனங்கள் கொண்டுவரும். இதைக் கடைசிப் படியாக வைத்துக்கொள்ளலாம், முதற்படியாக அல்ல.

ஒருமுறை பார்க்க ஒரு கட்டணம் என்ற முறை சிறிய படத்துக்கு நியாயமானது. கேரள அரசு 2024 மார்ச்சில் தொடங்கிய சி-ஸ்பேஸ் தளத்தில் ஒரு படத்துக்கு 75 ரூபாய். அதில் பாதி தயாரிப்பாளருக்கு. பெரிய தளங்கள் ஏற்காத நிலையில் 2021 ஜனவரியில் நீஸ்ட்ரீம் என்ற சிறிய தளத்தில் கட்டணத்துக்கு வெளியான 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' பேச்சைக் கிளப்பி, சில மாதங்களில் அமேசான் பிரைமுக்கே போய்ச் சேர்ந்தது. தமிழில் இந்த எண்ணம் பழையதுதான்: 2015இல் சேரன் தம் படத்தை 50 ரூபாய் டி.வி.டி.யாக வீட்டுக்கே கொண்டுபோக சி2எச் என்ற அமைப்பைத் தொடங்கினார், அது நீடிக்கவில்லை. வெளிநாட்டுத் தமிழர்களுக்கென்றே டென்ட்கொட்டா, சிம்ப்ளி சவுத் போன்ற தளங்கள் உருவாகியிருப்பதால், வெளிநாட்டு உரிமையை உள்நாட்டு உரிமையோடு சேர்த்துக் கட்டிக் கொடுத்துவிடக் கூடாது. யூடியூபில் நீண்ட காணொளிக்கான விளம்பர வருவாயில் 55 விழுக்காடு சேனலுக்கு வருகிறது. வேறு யாருடைய சேனலிலோ போட்டால் அது அவர்களுக்குப் போகும். ஆகவே தம் பெயரிலேயே ஒரு சேனலைப் படப்பிடிப்புக் காலத்திலிருந்தே வளர்ப்பது நல்லது.

விளம்பரத்தில் பெரிய படங்களைப் பின்பற்றுவது சிறிய படத்துக்கு வீண்செலவு. இசை வெளியீட்டு விழாவுக்கு மண்டபம் எடுத்து, பிரபலங்களை மேடையேற்றினால், மறுநாள் செய்தியில் பிரபலம் சொன்ன அரசியல் கருத்து இருக்கும். படத்தின் பெயர் இராது. அந்தப் பணத்தைப் படம் ஓடும் அரங்கைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் காட்டும் இணைய விளம்பரத்திலும், படத்தின் பொருளோடு தொடர்புடைய அமைப்புகளுக்கு முன்கூட்டியே காட்டும் காட்சிகளிலும் செலவிடலாம். வாடகை வீடு தேடும் குடும்பத்தைப் பற்றிய 'டு லெட்' போல, பொருள் இன்னதென்று ஒரே வாக்கியத்தில் சொல்ல முடிகிற படத்துக்கு இது எளிது. அந்தப் படம் 2018இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டு, விழாக்களில் பெயர் எடுத்த பிறகு, 2019 பிப்ரவரியில்தான் அரங்குக்கு வந்தது. ஒரு நல்ல பி.ஆர்.ஓ. தேவைதான், பத்திரிகையாளர் காட்சியை வெளியீட்டுக்கு முந்தைய இரவில் வைக்காமல் ஒரு வாரம் முன்பே வைக்கச் சம்மதிப்பவராக அவர் இருக்க வேண்டும்.

எந்த வழியானாலும் ஒப்பந்தத்தில் காலமும் நிலப்பரப்பும் எழுதப்பட வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமையை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடாவிட்டால் அது ஐந்தாண்டு என்றும், நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றும் கொள்ளப்படும். இதை அறிந்த வணிகர்கள்தான் நிரந்தரமாக, உலகம் முழுவதும், எல்லா ஊடகங்களிலும் என்ற வரியைத் தவறாமல் சேர்க்கிறார்கள். அந்த ஒரு வரியை அடித்துவிட்டு, மூன்றாண்டு, இன்ன ஊடகம், இன்ன நாடு என்று எழுதச் சம்மதிக்காதவர் எவ்வளவு முன்பணம் தந்தாலும் யோசிக்க வேண்டும்.

என் தேர்வு இது: விழாக்கள், பிறகு தனிக்காட்சிகள், அவற்றில் வரவேற்பு கிடைத்த ஊர்களில் மட்டும் சிறிய வார வெளியீடு, அதற்குப் பின் கட்டணத் தளம், கடைசியாக யூடியூப். இந்த வரிசை முடிய ஒன்றரை ஆண்டு ஆகலாம். வட்டிக்கு வாங்கிப் படமெடுத்தவருக்கு இது பொருந்தாது. மாதம் மூன்று வட்டி ஓடிக்கொண்டிருக்கையில் ஆறு மாதத் தனிக்காட்சிகளின் மிச்சம் வட்டிக்கே காணாது. அவருக்கு ஏதாவது ஒரு தளம் மொத்த விலை சொன்னால், அது குறைவாகவே இருந்தாலும், கால வரம்பை மட்டும் காப்பாற்றிக்கொண்டு விற்றுவிடுவதே நல்லது.