ஜே.ஆர்.எஃப்., நிறுவன உதவித்தொகை, புராஜெக்ட்: எந்தப் பணத்தை நம்பி முனைவர் பட்டத்தில் சேரலாம்?

முதுகலை முடித்துவிட்டு முனைவர் பட்டத்தில் சேர நினைப்பவர்கள் எந்தப் பல்கலைக்கழகம், எந்த நெறியாளர், என்ன தலைப்பு என்றெல்லாம் பலரிடம் விசாரிக்கிறார்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளுக்கு மாதச் செலவுக்கான பணம் எங்கிருந்து, யார் பெயரில் வரப்போகிறது என்பதை அந்த அளவுக்கு யாரும் விசாரிப்பதில்லை. தாவரவியலில் முதுகலை முடித்தபோது என் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் பெற்ற ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) உதவித்தொகையோடு ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் சேர்வது ஒன்று, ஐ.ஐ.டி. போன்ற நிறுவனத்தில் அந்த நிறுவனமே தரும் உதவித்தொகையில் சேர்வது இன்னொன்று. பேராசிரியர் ஒருவரின் ஆய்வுத் திட்டத்தில் பணிக்குச் சேர்ந்து, அங்கேயே முனைவர் பட்டத்துக்கும் பதிவு செய்துகொள்வது மூன்றாவது. நான் முதல் வழியில் போனேன். இன்று யாராவது கேட்டாலும், ஓரிரு விதிவிலக்குகளோடு, அதையே சொல்வேன்.

தகுதி விதிகளைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. 2022 நவம்பரில் வெளியான யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) ஒழுங்குமுறைப்படி முதுகலையில் 55 விழுக்காடு வேண்டும். இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 5 விழுக்காடு தளர்வு உண்டு. நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர்களும் நேரடியாகச் சேரலாம். குறைந்தது மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள், தேவைப்பட்டால் மறுபதிவில் மேலும் இரண்டு ஆண்டுகள் என்பது கால வரம்பு. பெண்களுக்கும் 40 விழுக்காட்டுக்கு மேற்பட்ட மாற்றுத்திறன் உடையவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். ஐ.ஐ.டி.க்கள் யு.ஜி.சி.யின் கீழ் வருவதில்லை என்பதால் அவற்றின் விதிகள் தனி. ஆனால் அங்கும் கோர்ஸ் வொர்க் எனப்படும் பாட வகுப்புகள், ஆய்வுக் குழு, ஆய்வேடு, வாய்மொழித் தேர்வு என்று பாதை ஏறக்குறைய இதே போலத்தான் போகிறது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 2024 ஜூன் முதல் நெட் தேர்வில் தேறியவர்களை மூன்று பிரிவுகளாக அறிவிக்கிறார்கள். முதல் பிரிவுக்கு மட்டுமே ஜே.ஆர்.எஃப். உண்டு. மற்ற இரண்டு பிரிவினரும் அந்த மதிப்பெண்ணைக் கொண்டு முனைவர் பட்டச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கலாம். நெட் மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடும் நேர்காணலுக்கு 30 விழுக்காடும் கணக்கில் கொள்ளப்படும். அந்த மதிப்பெண் ஓராண்டுக்குத்தான் செல்லும். இடம் கிடைத்துவிட்டால் கூடவே பணமும் வந்துவிடும் என்று நினைத்துச் சேர்ந்த மாணவர்களை எங்கள் துறையிலேயே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இனித் தொகை. இதில் மூன்று வழிகளுக்கும் இடையே உள்ள வேறுபாடு, வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைப்பதைவிட மிகக் குறைவு. 2023 ஜனவரி 1 முதல் ஜே.ஆர்.எஃப். தொகை மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வாளர்) ஆகும்போது 42,000 ரூபாய். ஐ.ஐ.டி.யின் உதவித்தொகையும் இதே அளவுதான். நெட் அல்லது கேட் (பொறியியல், அறிவியல் பட்டதாரிகளுக்கான தேர்வு) தகுதியோடு ஆய்வுத் திட்டத்தில் சேர்பவருக்கும் பெரும்பாலும் இதே தொகைதான். விடுதியில் இடம் கிடைக்காத ஜே.ஆர்.எஃப். ஆய்வாளருக்கு நகரத்தின் வகையைப் பொறுத்து வீட்டு வாடகைப் படியும் கிடைக்கும். முதல் இரண்டு ஆண்டுகளில் 70,000 ரூபாயில் தொடங்கும் பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை தனி உயரத்தில் இருக்கிறது. அது கிடைத்தவர்களுக்கு இந்த அலசலே தேவையில்லை. மற்றவர்கள் மாதத் தொகையை வைத்து ஒப்பிட்டால் எந்த முடிவுக்கும் வர முடியாது. ஒப்பிட வேண்டியது அந்தத் தொகை எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்பதையும், யாருடைய பெயரோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதையும்தான்.

முதலில் ஆய்வுத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் நிதி அமைப்புகள் பேராசிரியர்களுக்கு வழங்கும் திட்டங்கள் பெரும்பாலும் மூன்று ஆண்டுகளுக்கானவை. அந்த மூன்று ஆண்டுகளும் உங்களுக்கு முழுதாகக் கிடைக்கும் என்பதும் உறுதியில்லை; நிதி வந்து, விளம்பரம் கொடுத்து, ஆள் எடுப்பதற்குள் சில மாதங்கள் போய்விடும், அல்லது முதலில் சேர்ந்தவர் விலகிய இடத்தில் எஞ்சிய காலத்துக்கு உங்களை எடுப்பார்கள். ஐந்து ஆண்டு உதவித்தொகையைக் கூட்டினால் 24 லட்சம் ரூபாய். அதே விகிதத்தில் மூன்று ஆண்டுக்கு 13 லட்சத்து 92 ஆயிரம். இடைப்பட்ட பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட தொகை என்பது, ஆய்வேடு எழுத வேண்டிய நான்காம், ஐந்தாம் ஆண்டுகளின் சாப்பாடும் வாடகையும். என் துறையில் வயல் சோதனைக்கே இரண்டு பருவங்கள் தேவைப்படும் நிலையில், மூன்றே ஆண்டுகளில் ஆய்வேடு கொடுத்தவரை நான் பார்த்ததில்லை. நான்காம் ஆண்டில் தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டு, மாலை வேளையில் ஆய்வகத்துக்கு வந்து, சனி ஞாயிறுகளில் எழுதி, இப்படியே இழுத்துக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். அவர்களின் திறமையில் எந்தக் குறையும் இல்லை. பணம்தான் பாதியில் நின்றது. திட்டத்தின் நோக்கமே உங்கள் தலைப்பாகவும் ஆகிவிடும் என்பது அடுத்த சிக்கல்.

நிறுவன உதவித்தொகை இதைவிடப் பல மடங்கு உறுதியானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்னை ஐ.ஐ.டி.யில் எச்.டி.ஆர்.ஏ. என்று சொல்லப்படும் உதவித்தொகை ஐந்தாண்டு வரை வருகிறது; பதிலுக்கு வாரத்துக்கு எட்டு மணி நேரம் செய்முறை வகுப்பிலோ விடைத்தாள் திருத்துவதிலோ துறைக்கு உதவ வேண்டும். கற்பிக்கும் அனுபவம் கிடைக்கும் என்பதால் அதை ஒரு சுமையாக நான் கருத மாட்டேன். கருவிகள் விஷயத்திலும் அங்கே இருப்பவர்களுக்குத்தான் வசதி. எங்களைப் போன்றவர்கள் மாதிரிகளைப் பொட்டலம் கட்டி, அங்குள்ள பொதுக் கருவி மையத்துக்கு அனுப்பி, கட்டணம் செலுத்தி, முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஜே.ஆர்.எஃப். ஆய்வாளருக்கு ஆய்வுச் செலவுக்காக யு.ஜி.சி. தரும் கண்டிஜென்சி தொகை அறிவியல் துறைக்கு முதல் இரண்டு ஆண்டுகளில் ஆண்டுக்கு 12,000, அதன் பிறகு 25,000 ரூபாய். ஒரு வேதிப்பொருள் பட்டியலையே அது தாங்காது.

இத்தனை இருந்தும் நான் ஜே.ஆர்.எஃப். பக்கம் நிற்பதற்குக் காரணம், அந்த உதவித்தொகை ஆய்வாளரின் பெயரில் இருக்கிறது என்பதே. நிறுவன உதவித்தொகை நிறுவனத்துக்குச் சொந்தமானது; அங்கிருந்து வெளியேறினால் அதுவும் அங்கேயே நின்றுவிடும். திட்டப் பணம் பேராசிரியருக்குச் சொந்தமானது. அவரோடு மனக்கசப்பு வந்தால் ஊதியமும் கேள்விக்குறியாகும். ஜே.ஆர்.எஃப். மட்டும்தான் உங்களோடு நடக்கும். இரண்டு பல்கலைக்கழகங்களின் ஒப்புதலும் யு.ஜி.சி.யின் அனுமதியும் பெற்று இடம் மாறினால், மீதமுள்ள காலத்துக்கான தொகை புதிய இடத்தில் தொடரும். அலைச்சல் நிறைந்த வேலைதான், சில மாதங்கள் பிடிக்கும், ஐந்தாண்டுக் கணக்கும் புதிதாகத் தொடங்காது. ஆனாலும் வழி இருக்கிறது.

ஐந்து ஆண்டுகளில் என்னென்ன மாறலாம் என்று எண்ணிப் பார்த்தால் இதன் மதிப்பு புரியும். நெறியாளர் ஓய்வு பெறலாம். ஓய்வுக்கு மூன்று ஆண்டுகளுக்கும் குறைவாக உள்ளவர் புதிய ஆய்வாளரை எடுக்கக் கூடாது என்று 2022 விதி சொல்வது இந்தச் சிக்கலை ஓரளவு குறைக்கிறதே தவிர, ஐந்தாறு ஆண்டு நீளும் ஆய்வில் முழுவதும் தீர்ப்பதில்லை. அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குத் துணைவேந்தராகவே போகலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண் ஆய்வாளர்களுக்குத் திருமணம், கணவரின் பணியிட மாற்றம், குழந்தை என்று ஊர் மாற வேண்டிய கட்டாயம் வரலாம். திருமணத்தாலோ வேறு காரணத்தாலோ இடம் பெயரும் பெண் ஆய்வாளர் தம் ஆய்வுத் தரவுகளைப் புதிய நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமையை அதே விதி தருகிறது. 240 நாள் வரை மகப்பேறு விடுப்பும் தருகிறது. ஆனால் தரவுகளை மட்டும் எடுத்துப் போய் என்ன செய்வது? பணமும் கூடவே வந்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு. எங்கள் ஆய்வகத்தில் எனக்கு மூத்தவராக இருந்த அக்கா ஒருவர் திருமணத்துக்குப் பின் கோவைக்கு மாறியபோது ஆய்வைத் தொடர முடிந்தது ஜே.ஆர்.எஃப். இருந்ததால்தான். அதே ஆண்டில் திட்டப் பணியில் இருந்த இன்னொருவர் ஊர் மாறியதும் பதிவையே விட்டுவிட்டார்.

பல்கலைக்கழகத்தின் நிதிநிலையும் இதில் சேரும். 2024 பிப்ரவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் வங்கிக் கணக்குகளை வருமான வரித்துறை முடக்கியபோது, ஊதியமும் ஓய்வூதியமும் என்னாகும் என்று ஆசிரியர்களும் ஓய்வு பெற்றவர்களும் கவலைப்பட்ட செய்தி பலருக்கு நினைவிருக்கும். பல்கலைக்கழகம் தன் சொந்த நிதியிலிருந்து தரும் சிறு உதவித்தொகைகளுக்கு இப்படிப்பட்ட ஆபத்து எப்போதும் உண்டு. யு.ஜி.சி. தொகையோ ஆய்வாளரின் வங்கிக் கணக்குக்கே நேராக வருகிறது.

நேராக வருகிறது என்றாலும் தானாக வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு மாதமும் வருகைப் பதிவேட்டின்படி நெறியாளரும் துறைத்தலைவரும் கையெழுத்திட்ட சான்று அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே மேக்கர் எனப்படும் அலுவலர் கனரா வங்கியின் இணையதளத்தில் உங்கள் பெயருக்கு எதிரே அந்த மாதத்தை உறுதி செய்ய வேண்டும். செக்கர் எனப்படும் இன்னொருவர் அதற்கு ஒப்புதல் தர வேண்டும். இருவரில் ஒருவர் விடுப்பில் போனாலும் அந்த மாதத் தொகை தள்ளிப்போய், பின்னால் நிலுவையாகத்தான் வரும். இரண்டாம் ஆண்டு முடிவில் எஸ்.ஆர்.எஃப். உயர்வுக்கு மூவர் குழு கூடி மதிப்பிட வேண்டும். அந்தக் குழுவைக் கூட்டுவதற்கே சில துறைகளில் ஆய்வாளர்தான் ஓடியாட வேண்டியிருக்கிறது. ஊதியம் போல மாதாமாதம் வந்து சேரும் ஐ.ஐ.டி. உதவித்தொகைக்கு முன்னால் இது பெரிய குறைதான். மூன்று மாதச் செலவுக்கான கையிருப்பு இல்லாமல் இதில் இறங்குவது கடினம் என்பதால், வீட்டிலிருந்து உதவி கிடைக்க வாய்ப்பே இல்லாதவர்கள், இரண்டும் கையில் இருந்தால், நிறுவன உதவித்தொகையையே எடுத்துக்கொள்ளலாம். நான் சொன்ன விதிவிலக்குகளில் இது முதலாவது.

இரண்டாவது விதிவிலக்கு, விலையுயர்ந்த கருவிகள் இல்லாமல் ஒரு நாள்கூட நகராத ஆய்வுகள். பொறியியல் துறைகளில் நான் இருந்ததில்லை. அங்கே கருவியின் பக்கம் தராசு சாயலாம் என்றே நினைக்கிறேன். அப்படிப்பட்டவர்கள் ஜே.ஆர்.எஃப். உடனேயே ஐ.ஐ.டி.யில் சேர முடியும் என்பதையும் மறந்துவிட வேண்டாம். அப்போது நிறுவனத்தின் உதவித்தொகைக்குப் பதிலாக யு.ஜி.சி. தொகை வரும், ஊர் மாறும் உரிமையும் கையில் இருக்கும்.

ஜே.ஆர்.எஃப். கிடைக்காதவர்களுக்கு வேறு கதவுகளும் உண்டு. தமிழ்நாடு அரசு தேர்வு வைத்துத் தரும் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை, ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியின ஆய்வாளர்களுக்கான ஊக்கத்தொகை, சமூக அறிவியலாருக்கு ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு) தரும் மாதம் 20,000 ரூபாய் ஆகியவை அவற்றில் சில. எதில் சேர்ந்தாலும் எத்தனை ஆண்டுக்கு என்ற கேள்வியை முதலில் கேட்டுவிடுங்கள், ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். தொகை இரண்டு ஆண்டுகளோடு முடிந்துவிடும்.

ஜே.ஆர்.எஃப். கடிதம் வந்துவிட்டது என்பதற்காக முதலில் இடம் தரும் பல்கலைக்கழகத்தில் உடனே சேர வேண்டியதும் இல்லை. யு.ஜி.சி. கடிதம் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும். அந்த இடைவெளியில், சேர நினைக்கும் துறைக்கு ஒரு முறை நேரில் போய், அங்கே இப்போது எஸ்.ஆர்.எஃப். வாங்கும் ஓர் ஆய்வாளரைத் தனியாகச் சந்தித்து, கடைசியாக எந்த மாதத்துத் தொகை வந்தது, மூவர் குழு எத்தனை மாதத்தில் கூடியது, செக்கர் யார் என்று கேளுங்கள். நெறியாளரைச் சந்திப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுவது நல்லது.